கரண்ட் போனாலும் கொழுந்துக் கணக்கு அழியாமல் இருக்க: கோப்பை எழுதுவது, பிரதி எடுப்பது, நகர்த்துவது

இலங்கையின் தலவாக்கலைப் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்தில் கொழுந்து எடையைப் பதியப் பைதனில் புரோகிராம் எழுதியிருக்கிறீர்கள். ஒவ்வொரு நிறுவைக்கும் ஜேசன் கோப்பு முழுவதையும் திரும்ப எழுதுகிறீர்கள். இடிமழையில் கரண்ட் போய்த் திரும்பியபோது கோப்பு பூஜ்ஜிய பைட்டாகக் கிடந்தது என்கிறீர்கள். எழுதவும், பிரதி எடுக்கவும், பென் டிரைவுக்கு நகர்த்தவும் நம்பக்கூடிய பங்ஷன்களை எப்படி எழுதுவது என்பதுதான் கேள்வி.

நான் பண்டாரவளையில் இருந்துகொண்டு, கொழுந்து வாங்கும் சிறிய இடங்களுக்கு இதே மாதிரிப் புரோகிராம்கள் எழுதிக்கொடுக்கிறேன். உங்கள் கேள்வியைப் படித்ததும் அந்தக் கோப்பில் இருந்த பெயர்களைத்தான் நினைத்தேன். ஒரு நிறுவை அழிந்தால் மலையில் நின்று பறித்த ஒருவருக்கு முழுப்பேர், அதாவது முழுநாள் சம்பளம், அரைப்பேராகிவிடும்; கைக்காசு வேலை என்றால் கிலோ கணக்கில் வரவேண்டிய காசு வராமல் போய்விடும். அதனால் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன்.

கோப்பு ஏன் வெறுமையானது? ‘டபிள்யூ’ முறையில் ஓப்பன் செய்த அந்தக் கணமே பழைய உள்ளடக்கம் முழுவதும் போய்விடுகிறது. நீங்கள் ஓர் எழுத்துக்கூட எழுதியிருக்க வேண்டியதில்லை. பழைய பேரேட்டைக் கிழித்துவிட்டு அப்புறம் புதியதை எழுத உட்காருவதற்குச் சமம் இது. அதன் பிறகு எழுதுவதும் நேரே டிஸ்குக்குப் போவதில்லை. முதலில் பைதனின் பஃபர் என்ற தற்காலிகச் சேமிப்பு, அங்கிருந்து இயங்குதளத்தின் நினைவகம், கடைசியில்தான் டிஸ்க். லினக்ஸ் அதன் வழக்கமான அமைப்பில், எழுதிய தரவை ஏறத்தாழ 30 விநாடி நினைவகத்திலேயே வைத்திருக்கக்கூடும். குளோஸ் செய்துவிட்டால் பத்திரம் என்று பலர் நம்புகிறார்கள். குளோஸ் தரவை இயங்குதளத்திடம் ஒப்படைக்கும், அவ்வளவுதான்.

ஆகவே எழுதும் பங்ஷன் இப்படி இருக்கட்டும். அசல் கோப்பு இருக்கும் அதே ஃபோல்டரில் ஒரு தற்காலிகக் கோப்பைத் திறந்து, முழுவதையும் அதில் எழுதுங்கள். ஃப்ளஷ் செய்யுங்கள், பிறகு ஓஎஸ் மொடியூலில் உள்ள எஃப்சிங்கை அழையுங்கள். தரவை டிஸ்க் வரை தள்ளும் வேலை அதனுடையது. கோப்பை மூடியபின் ரீப்ளேஸ் பங்ஷனால் அதற்கு அசல் பெயரைக் கொடுங்கள். லினக்ஸில் ஒரே ஃபைல் சிஸ்டத்துக்குள் (டிஸ்கில் கோப்புகளை ஒழுங்குபடுத்தி வைக்கும் அமைப்பு) நடக்கும் பெயர்மாற்றம் பாதியில் நிற்காது. கரண்ட் எந்தக் கணத்தில் போனாலும் பழைய கோப்பு முழுசாக இருக்கும், இல்லாவிட்டால் புதியது முழுசாக இருக்கும்.

எஃப்சிங்கை மட்டும் விட்டுவிடாதீர்கள். 2009 வாக்கில் லினக்ஸின் எக்ஸ்ட்4 ஃபைல் சிஸ்டம் பரவத் தொடங்கியபோது, பெயர் மாறிவிட்டது, தரவு இன்னும் டிஸ்கில் ஏறவில்லை என்ற இடைவெளியில் கணினி நின்றுபோய்ப் பலருடைய கோப்புகள் பூஜ்ஜிய பைட்டாயின. லினக்ஸின் மையப் பகுதியான கெர்னலின் 2.6.30 பதிப்பில் அதற்கு ஒரு தடுப்பு சேர்த்தார்கள். அந்தத் தடுப்பை நம்பிச் சம்பளக் கணக்கை எழுத நான் தயாரில்லை.

தற்காலிகக் கோப்பு ஏன் அதே ஃபோல்டரில் இருக்கவேண்டும்? சிஸ்டத்தின் டெம்ப் ஃபோல்டர் பெரும்பாலும் வேறு ஃபைல் சிஸ்டமாக இருக்கும். அங்கிருந்து பெயர் மாற்றினால் பிழைதான் வரும். ரீநேம் என்ற பங்ஷனும் இருக்கிறது, ஆனால் விண்டோஸில் அந்தப் பெயரில் ஏற்கனவே கோப்பு இருந்தால் அது மறுத்துவிடும். பைதன் 3.3 இலிருந்து வந்த ரீப்ளேஸ் லினக்ஸ், விண்டோஸ் இரண்டிலும் பழையதற்கு மேல் வைக்கும். இன்னொன்று: டெம்ப்ஃபைல் மொடியூல் உருவாக்கும் கோப்பை லினக்ஸில் அதை உருவாக்கியவர் மட்டுமே படிக்கலாம். ஆபிசில் வேறு லொகினில் வேலை செய்பவருக்கு அடுத்த நாள் கோப்பு திறக்காது. பெயர் மாற்றுமுன் பழைய கோப்பின் அனுமதிகளைப் புதியதற்குக் கொடுத்துவிடுங்கள்.

ஆனால் உங்கள் வேலைக்கு இதைவிட நல்ல வழி ஒன்று உண்டு என்பது என் கருத்து. நிறுவை என்பது நாள் முழுக்கச் சேர்ந்துகொண்டே போகும் விஷயம். எதற்காக ஒவ்வொரு முறையும் முழுக் கோப்பையும் தொடவேண்டும்? ஒரு நிறுவைக்கு ஒரு வரி என்று கோப்பின் கடைசியில் சேருங்கள், வரிக்கு வரி எஃப்சிங்க் செய்யுங்கள். ஏப்ரலிலும் ஒக்டோபர், நவம்பரிலும் பின்னேர இடி எப்படி இருக்கும் என்று உங்களுக்கே தெரியும். அந்தி நிறுவை நேரத்தில் கரண்ட் போனாலும் பெரும்பாலும் கடைசி வரிதான் அரைகுறையாகும். முற்றுப்பெறாத வரியை அடுத்தமுறை திறக்கும்போது கண்டுபிடித்து, அந்த ஒருவரை மட்டும் திரும்பக் கேட்டுப் பதியலாம். நாளுக்கு ஒரு கோப்பு வைப்பதானால் முதல்முறை ‘எக்ஸ்’ முறையில் திறங்கள். அதே பெயரில் கோப்பு ஏற்கனவே இருந்தால் பிழை காட்டி நிற்கும், நேற்றைய கணக்கின் மேல் இன்றையது ஏறாது.

பிரதி எடுப்பதற்கு ஷ்யூட்டில் மொடியூலில் மூன்று பங்ஷன்கள் இருக்கின்றன. கொப்பிஃபைல் உள்ளடக்கத்தை மட்டும் எடுக்கும், கொப்பி அனுமதிகளையும் சேர்த்து எடுக்கும், கொப்பி2 நேரக்குறிப்புகளையும் கொண்டுபோகும். காப்புக்குக் கொப்பி2 சரி. மூன்றுமே போய்ச்சேரும் இடத்தில் அதே பெயரில் கோப்பு இருந்தால் கேட்காமல் மேலெழுதிவிடும். அதனால் பென் டிரைவிலும் தற்காலிகப் பெயரில் பிரதி எடுத்துவிட்டு, முடிந்தபின் பெயர் மாற்றுங்கள். பாதியில் யாராவது டிரைவைப் பிடுங்கினால், அரைக் கோப்பு முழுக் கோப்பின் பெயரில் இருக்காது.

நேரக்குறிப்பை வைத்து ‘மாறிய கோப்பை மட்டும் எடு’ என்று எழுதியிருந்தால் ஒன்றைக் கவனியுங்கள். பழைய ஃபேட் வகையில் ஃபோர்மட் செய்த பென் டிரைவ் கோப்பு மாறிய நேரத்தை 2 விநாடிக் கணக்கில்தான் குறிக்கும். சரிசமமா என்று ஒப்பிட்டால் மாறாத கோப்பும் மாறியதாகத் தெரியும். 2 விநாடி வித்தியாசத்தை விட்டுக்கொடுங்கள்.

நகர்த்துவதுதான் மூன்றிலும் ஆபத்தானது. ஒரே டிரைவுக்குள் ஷ்யூட்டிலின் மூவ் பங்ஷன் வெறும் பெயர்மாற்றம், கண்மூடித் திறப்பதற்குள் முடியும். கணினியிலிருந்து பென் டிரைவுக்கு என்றால் அதே மூவ் பிரதி எடுத்து, மூலத்தை அழிக்கிறது. பிரதி சரியாக வந்ததா என்று திரும்பப் படித்துப் பார்ப்பதும் இல்லை. எனவே உங்கள் பங்ஷனில் பிரதி, சரிபார்ப்பு, அழிப்பு மூன்றையும் தனித்தனியாக எழுதுங்கள். சரிபார்க்க இரண்டு கோப்புக்கும் ஷா-256 (உள்ளடக்கத்துக்குக் கைரேகை போன்ற ஓர் எண்) கணக்கிட்டு ஒப்பிடலாம். பிரதி எடுத்த கையோடு படித்தால் நினைவகத்தில் இருப்பதையே இயங்குதளம் காட்டிவிடும். டிரைவை முறைப்படி வெளியேற்றி, மறுபடி செருகியபின் ஒப்பிடுங்கள். என் புரோகிராம்களில் மூலத்தை உடனே அழிப்பதே இல்லை. சம்பளம் போட்டு முடியும்வரை ஒரு தனி ஃபோல்டரில் வைத்திருக்கிறேன், டிஸ்கில் அதற்கு ஆகும் இடம் மிகக் கொஞ்சம்.

தமிழ்ப் பெயர்களைப் பற்றிக் கட்டாயம் சொல்லவேண்டும். விண்டோஸில் என்கோடிங் (எழுத்துகளைப் பைட்டுகளாக்கும் முறை) குறிப்பிடாமல் ஓப்பன் செய்தால் பைதன் அந்தக் கணினியின் பழைய எழுத்துத் தொகுதியை எடுத்துக்கொள்ளும் வாய்ப்பு அதிகம். ‘முத்துலெட்சுமி’ என்று எழுதப்போகும் இடத்தில் பிழை வரும். அதற்குள் ‘டபிள்யூ’ பழைய கோப்பை வெட்டியிருக்கும். ஆக, கரண்ட் போகாமலேயே கணக்கு போய்விடும். எப்போதும் யூடிஎஃப்-8 என்று எழுதிக் கொடுங்கள். எக்செலில் திறக்கும் சிஎஸ்வி என்றால் யூடிஎஃப்-8-சிக் என்ற என்கோடிங்கைக் கொடுத்தால் தமிழ் ஒழுங்காகத் தெரியும். அதே கோப்பை யாராவது எக்செலில் திறந்து வைத்திருக்கும்போது விண்டோஸில் ரீப்ளேஸ் தோற்கும். அப்போது தற்காலிகக் கோப்பை அழித்துவிடாதீர்கள், புதிய கணக்கு அதில்தான் இருக்கிறது. திரையில் செய்தி காட்டி, மூடியபின் மறுபடி முயலுங்கள்.

கடைசியாக, சோதிப்பது. புரோகிராமை நடுவில் கில் செய்து பார்த்தால் போதாது. இயங்குதளம் உயிரோடு இருப்பதால் நினைவகத்தில் உள்ளது எப்படியும் டிஸ்குக்குப் போய்விடும், எஃப்சிங்க் இல்லாத பங்ஷனும் தேறிவிடும். ஒரு வேர்ச்சுவல் மெஷினில் (கணினிக்குள் ஓடும் பாவனைக் கணினி) ஓடவிட்டு, எழுதிக்கொண்டிருக்கும்போதே அதன் பவரை நிறுத்திப் பாருங்கள். ஆபிஸ் கணினியின் பிளக்கைப் பிடுங்கவேண்டாம். எழுதும் பகுதியை இங்கே ஒட்டினால் வரி வரியாகப் பார்த்துச் சொல்கிறேன்.