பதக்கத்தைத் தாண்டி ஒரு வீரரோ பயிற்சியாளரோ எதை விட்டுச் செல்கிறார்?

கேள்வியில் இரண்டு பகுதி இருக்கிறது. பதக்கம், சாதனை எல்லாவற்றையும் ஒதுக்கிவிட்டுப் பார்த்தால் விளையாட்டில் ஒருவர் எதை விட்டுச் செல்கிறார் என்பது ஒன்று. அப்படி உங்களை அதிகம் பாதித்தவர் யார் என்பது இன்னொன்று. இரண்டாவதற்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன்: ஆர்தர் லிடியார்ட். நியூசிலாந்தைச் சேர்ந்த ஓட்டப் பயிற்சியாளர்.

நான் மாலை வேளைகளில் பள்ளிப் பிள்ளைகள் சிலருக்கு ஓட்டப் பயிற்சி கொடுக்கிறேன். அதனால் என் பதில் ஓட்டத்தின் பக்கம் கொஞ்சம் சாய்ந்துதான் இருக்கும்.

லிடியார்ட் 1917-ல் பிறந்தவர். செருப்புத் தொழிற்சாலையில் வேலை பார்த்தார், வீடு வீடாகப் பால் ஊற்றினார். விளையாட்டுக் கல்லூரி எதிலும் படித்ததில்லை. இருபதுகளின் பின்பாதியில் ஒருநாள் நண்பரோடு ஐந்து மைல் ஓடப் போய், மூச்சு வாங்கித் திணறியிருக்கிறார். இப்போதே இப்படி என்றால் இன்னும் வயதான பிறகு என்ன ஆவோம் என்ற பயம் பிடித்துக்கொண்டது. அன்றிலிருந்து தன் உடம்பையே சோதனைக்கூடமாக்கிக்கொண்டார். ஒரு வாரம் கொஞ்சமாக ஓடுவார், அடுத்த வாரம் அளவுக்கு மீறி ஓடுவார், உடம்பு எங்கே உடைகிறது, எங்கே தேறுகிறது என்று பார்ப்பார். பல வருடம் இப்படியே போனது. கடைசியில் அவருக்குப் பிடிபட்டது இதுதான்: வாரத்துக்கு சுமார் 160 கிலோமீட்டர், பேசிக்கொண்டே ஓடக்கூடிய அளவான வேகத்தில், மாதக்கணக்கில் ஓட வேண்டும். அதன் மேல் மேட்டு ஓட்டம். அதற்கும் மேல்தான் தடகளப் பாதையில் வேகப் பயிற்சி. கடைசியில், போட்டி நாளன்று உடம்பு உச்சத்தில் இருக்கும்படி சுமையைக் குறைத்துக்கொண்டே வருவது.

இதில் புதுமை என்னவென்றால், இந்த நெடுந்தூர ஓட்டத்தை அவர் மாரத்தான் ஓடுபவர்களுக்கு மட்டும் வைக்கவில்லை. 800 மீட்டர் ஓடுகிறவரையும் ஆக்லாந்து நகரை ஒட்டிய வைடாக்கரே மலைப் பாதையில் 35 கிலோமீட்டர் ஓட வைத்தார். இரண்டு நிமிடத்துக்குள் முடிகிற பந்தயத்துக்கு இரண்டு மணி நேரத்துக்கும் மேல் ஓடுவதா என்று அந்தக் காலத்தில் கேட்டவர்கள் நிறைய. அவருடைய வாதம் எளிமையானது. 800 மீட்டரில் நல்ல வேகம் எல்லாரிடமும் இருக்கிறது. கடைசி 200 மீட்டரில் அது மிச்சம் இருப்பவன்தான் ஜெயிக்கிறான். மெதுவாக நெடுந்தூரம் ஓடும்போது தசைக்குள் நுண்ணிய ரத்தக் குழாய்கள் பெருகுகின்றன, இதயம் ஒவ்வொரு துடிப்பிலும் அதிக ரத்தத்தைத் தள்ளப் பழகுகிறது. அந்த மிச்சம் வருவது இங்கிருந்துதான்.

1960 செப்டம்பர் 2, ரோம் ஒலிம்பிக். லிடியார்டின் வீட்டைச் சுற்றி வாழ்ந்து, அவரோடு தெருக்களில் ஓடிய பையன்கள் களத்தில் இருந்தார்கள். பீட்டர் ஸ்னெல் 800 மீட்டரில், அப்போதைய உலகச் சாதனையாளர் ரோஜர் மோன்ஸைக் கோட்டுக்கு முன்னால் முந்தித் தங்கம் வாங்கினார். கொஞ்ச நேரத்திலேயே மர்ரி ஹால்பெர்க் 5000 மீட்டருக்கு இறங்கினார். ரக்பி விளையாட்டில் தோள் நொறுங்கி இடது கை சூம்பிப்போனவர் அவர். மூன்று சுற்று பாக்கி இருக்கும்போதே பாய்ந்து விலகி, கடைசிவரை யாருக்கும் பிடிகொடுக்கவில்லை. சில நாள் கழித்து மாரத்தானில் பேரி மகீக்கு வெண்கலம். ஒரு நகரம், ஒரு தெருக்கூட்டம், ஒரே பயிற்சியாளர். திறமை அங்கே மட்டும் குவிந்து பிறந்துவிட்டது என்று எனக்குத் தோன்றவில்லை. எல்லா ஊரிலும் இருக்கிற திறமைதான். அங்கே அதற்கு ஒரு முறை கிடைத்தது.

இதோடு நின்றிருந்தால் அவர் நல்ல பயிற்சியாளர், அவ்வளவுதான். அடுத்து நடந்ததுதான் அவரை எனக்கு முதலிடத்தில் வைக்கிறது. நடுத்தர வயதைத் தாண்டியவர்களை, இதயக் கோளாறு வந்தவர்களைக்கூட, லிடியார்ட் மெதுவாக ஓட வைத்தார். மாரடைப்பு வந்தவர் படுக்கையில் ஓய்வாக இருக்க வேண்டும் என்று நம்பிய காலம் அது. 1962-ல் ஆக்லாந்தில் அதற்கென்று ஒரு சங்கமே உருவானது. அதே சமயத்தில் அமெரிக்காவின் ஓரிகான் பல்கலைக்கழகப் பயிற்சியாளர் பில் பவர்மன் அவரைப் பார்க்க வந்தார். வாங்க, எங்களோடு ஓடுங்க என்று லிடியார்ட் கூட்டிப்போனார். ஐம்பது வயதைத் தாண்டியிருந்த பவர்மனால் அந்தக் கூட்டத்துக்கு ஈடுகொடுக்க முடியவில்லை. எழுபதைத் தாண்டிய ஒரு முதியவர் அவருக்காக வேகத்தைக் குறைத்து, பேச்சுக் கொடுத்துக்கொண்டே கூட வந்தார். பவர்மன் ஊருக்குத் திரும்பி, சாதாரண மக்களுக்கு அதையே சொல்லிக்கொடுத்தார். 1967-ல் ஓர் இதயநோய் மருத்துவரோடு சேர்ந்து மெதுவோட்டம் பற்றிப் புத்தகமும் எழுதினார், அது லட்சக்கணக்கில் விற்றது. (நைக்கி நிறுவனத்தை உருவாக்கிய இருவரில் ஒருவரும் இதே பவர்மன்தான்.) இன்று விடியற்காலையில் உலகத்தின் எந்தப் பூங்காவிலும் அறுபது வயதுக்காரர் ஒருவர் மெதுவாக ஓடுவது யாருக்கும் வினோதமாகப் படுவதில்லை. அதில் லிடியார்டின் பங்கு பெரியது.

பின்னால் அவர் பின்லாந்துக்குப் போய்ப் பயிற்சியாளர்களுக்குச் சொல்லிக்கொடுத்தார். அந்நாட்டு ஓட்டக்காரர் லாஸ்ஸே விரென் 1972, 1976 இரண்டு ஒலிம்பிக்கிலும் 5000, 10,000 மீட்டர் இரண்டையும் வென்றதன் பின்னணியில் அந்தத் தாக்கம் உண்டு. 2004 டிசம்பரில், 87 வயதில், அமெரிக்காவில் ஊர் ஊராகப் பேசிக்கொண்டிருந்த பயணத்தின் நடுவிலேயே லிடியார்ட் இறந்தார்.

அவருடைய சீடர்கள் என்ன ஆனார்கள் என்பதையும் பாருங்கள். ஹால்பெர்க் 1963-லேயே ஊனமுற்ற குழந்தைகள் விளையாடுவதற்காக ஓர் அறக்கட்டளை தொடங்கினார், இன்றும் நடக்கிறது. ஸ்னெல் 1964 டோக்கியோவில் 800, 1500 இரண்டிலும் தங்கம் வாங்கினார். பிறகு அமெரிக்காவுக்குப் போய், முதலிலிருந்து படித்து, உடற்பயிற்சி உடலியலில் முனைவர் பட்டம் வாங்கி டல்லாஸில் ஆராய்ச்சியாளரானார். அந்த நீண்ட ஓட்டங்கள் ஏன் பலித்தன என்று தசை நார்களில் தேடினார். குருவிடம் கற்றதை அப்படியே ஒப்பிக்காமல், காரணம் கண்டுபிடிக்கப் போன சீடர்! எனக்கு இது அவருடைய மூன்று தங்கத்துக்கும் மேலே.

சரி, ஓட்டத்தை விட்டு வெளியே வருகிறேன். கூடைப்பந்தில் ஜான் வுடன். அமெரிக்காவின் யூ.சி.எல்.ஏ. பல்கலைக்கழக அணிக்கு 12 வருடத்தில் 10 தேசியப் பட்டம் வாங்கிக்கொடுத்தவர். நாடே கொண்டாடும் உயரமான பையன்கள் முதல் நாள் வந்து உட்கார்ந்தால், அவர் சொல்லிக்கொடுத்த முதல் பாடம் காலுறை போடுவது. விரல் நுனியில் தொடங்கிக் குதிகால் வரை கையால் நீவி, எங்காவது சுருக்கம் நிற்கிறதா என்று தடவிப் பார்க்கச் சொல்வார். பிறகு ஷூ கயிற்றைத் துளை துளையாக இழுத்து இறுக்கி இரட்டை முடிச்சு. சுருக்கம் இருந்தால் கொப்புளம் வரும், கொப்புளம் வந்தால் பயிற்சி போகும். அவ்வளவுதான் தத்துவம்.

1974-75 பருவத்தில் இரண்டு உளவியலாளர்கள் அவருடைய பயிற்சிகளில் ஓரமாக உட்கார்ந்து, அவர் வாயிலிருந்து வருவதையெல்லாம் குறித்தார்கள். 2,326 பதிவுகள். அதில் பாராட்டு சுமார் 7 சதவீதம், அதிருப்தி காட்டியதும் கிட்டத்தட்ட அதே அளவு. முக்கால்வாசி வெறும் தகவல்: இதை இப்படிச் செய், இந்தக் கணத்தில் செய், இந்தப் பக்கம் திரும்பு. இதைப் படித்ததிலிருந்து பிள்ளைகளிடம் நான் பேசுகிற விதம் மாறிவிட்டது. ‘சபாஷ்’, ‘என்னடா இது’ இரண்டும் குறைந்துவிட்டன. ‘தோளைத் தளர்த்து’, ‘முழங்கையைப் பின்னால் இழு’ என்பது கூடிவிட்டது. பிள்ளைகளுக்கும் அதுதான் வேண்டியிருக்கிறது.

அதே விளையாட்டில் பேட் சம்மிட்டையும் சொல்ல வேண்டும். 1974-ல் 22 வயதில் டென்னசி பல்கலைக்கழகப் பெண்கள் அணிக்குப் பொறுப்பேற்றபோது மாதச் சம்பளம் 250 டாலர். வண்டி ஓட்டியதும் அவரே, சீருடை துவைத்ததும் அவரே. 1,098 வெற்றி, 8 தேசியப் பட்டம். எனக்குப் பெரிதாகப் படுவது வேறு: தன்னிடம் முழுக் காலமும் ஆடிய ஒவ்வொரு பெண்ணையும் பட்டம் வாங்க வைத்தார். 2011-ல் மறதி நோய் என்று தெரிந்ததும் மறைக்காமல் வெளியே சொல்லி, இன்னொரு பருவமும் களத்தில் நின்றார். 2016-ல் மறைந்தார்.

வீரர்கள் பக்கம் வந்தால், செக்கோஸ்லோவாக்கியாவின் ஓட்டக்காரர் எமில் ஜாட்டோபெக். 1952 ஹெல்சின்கியில் 5000, 10,000, அப்புறம் வாழ்க்கையில் முதல்முறையாக ஓடிய மாரத்தான், மூன்றிலும் தங்கம். 1966-ல் ஆஸ்திரேலியாவின் ரான் கிளார்க் பிராக் நகருக்கு வந்தார். உலகச் சாதனைகளை அடுக்கியும் ஒலிம்பிக் தங்கம் கிடைக்காதவர் அவர். வழியனுப்பும்போது ஜாட்டோபெக் ஒரு சின்னப் பொட்டலத்தைக் கையில் திணித்தார். பிறகு பிரித்துப் பார்த்தால், 1952-ன் 10,000 மீட்டர் தங்கம். இரண்டு வருடத்தில் சோவியத் படைகள் நாட்டுக்குள் புகுந்தன. எதிர்த்துப் பேசிய ஜாட்டோபெக்கை ராணுவத்திலிருந்து விரட்டினார்கள். மண்ணில் துளையிடும் கூலி வேலைக்குப் போனார்.

நம் நாட்டில் ஓ.எம்.நம்பியார். விமானப்படையிலிருந்து வந்தவர். பி.டி.உஷாவை 400 மீட்டர் தடை ஓட்டத்துக்குத் திருப்பியது அவர்தான். 1984 லாஸ் ஏஞ்சல்ஸில் நூறில் ஒரு நொடியில் வெண்கலம் போனது எல்லாருக்கும் தெரியும். உஷா 2002-ல் கோழிக்கோடு மாவட்டத்தில் பயிற்சிப் பள்ளி தொடங்கினார். அங்கே வளர்ந்த டின்டு லூகா 2010-ல் 800 மீட்டரை 1:59.17-ல் ஓடித் தேசியச் சாதனை படைத்தார். நம்பியார், உஷா, டின்டு என்று மூன்று தலைமுறை. நம்பியாருக்குப் பத்மஸ்ரீ கிடைத்தது 2021-ல், அவர் இறந்த வருடத்தில். அவ்வளவு தாமதம் எனக்கு இன்னும் ஆறவில்லை.

தீங்கும் இப்படியே கைமாறும் என்பதைச் சொல்லாமல் விட்டால் பதில் நேர்மையாக இருக்காது. கிழக்கு ஜெர்மனி பதக்கங்களை மலைபோல் குவித்தது. பதின்வயதுப் பெண்களுக்குச் சத்து மாத்திரை என்று சொல்லி ஆண் ஹார்மோன் கொடுத்தார்கள். அந்நாட்டு விளையாட்டுத் துறைத் தலைவராக இருந்த மன்ஃப்ரெட் ஏவால்டு இதற்காக 2000-ல் நீதிமன்றத்தில் தண்டனை பெற்றார். அப்படி ஹார்மோன் கொடுக்கப்பட்டவர்களில் ஒருவர், 1986-ல் ஐரோப்பியக் குண்டெறிதல் சாம்பியனான ஹைடி கிரீகர். பின்னாளில் ஆணாக மாறி, ஆண்ட்ரியாஸ் கிரீகராக வாழத் தொடங்கினார். அந்தத் தங்கப் பதக்கத்தை அவர் கொடுத்துவிட்டார். ஊக்கமருந்தை எதிர்த்துப் போராடுபவர்களுக்கு வருடா வருடம் தரும் விருதின் பகுதியாக அது மாறியது. இந்தக் கணக்கைப் பார்க்காமல் வெறும் பதக்கப் பட்டியலைக் காட்டி ‘மகத்தான பயிற்சியாளர்’ என்று யாரையும் என்னால் சொல்ல முடியாது.

எங்கிருந்து தொடங்குவது என்று கேட்டால், 2012 லண்டன் ஒலிம்பிக் 800 மீட்டர் இறுதிப் பந்தயத்தைப் பாருங்கள், இணையத்தில் கிடைக்கும். கென்யாவின் டேவிட் ருடிஷா. அவருக்குச் சொல்லிக்கொடுத்தவர் அயர்லாந்துத் துறவி கோல்ம் ஓ’கானல். 1976-ல் இட்டென் என்ற ஊருக்குப் புவியியல் பாடம் எடுக்கப் போனவர், தடகளம் அறவே தெரியாமல். ருடிஷா முதல் அடியிலிருந்து முன்னால் ஓடி 1:40.91-ல் உலகச் சாதனையோடு முடிப்பார். அவரை விட்டுவிட்டுப் பின்னால் வருகிறவர்களைப் பாருங்கள். வெள்ளி வாங்கியவருக்கு 18 வயது, வெண்கலம் வாங்கியவருக்கு 17. எட்டாவதாக, கடைசியாக வந்தவர் 1:43.77 ஓடினார். அதற்கு முந்தைய மூன்று ஒலிம்பிக்கிலும் அந்த நேரத்துக்குத் தங்கமே கிடைத்திருக்கும்.