கொங்குப் பக்கம் பழைய கைக்கருவிகளை எங்கே தேடுவது?

கேள்வி இதுதான்: வெளிநாட்டில் எஸ்டேட் சேலுக்குப் போய் நூறு வருஷத்து இழைப்புளி, உளியெல்லாம் அள்ளிக்கொண்டு வருகிறார்களே, கோயமுத்தூர், ஈரோடு பக்கம் அதற்கு வழி இருக்கிறதா?

நம்ம ஊரில் எஸ்டேட் என்றால் வால்பாறை, சேல் என்றால் ஆடித் தள்ளுபடி. ஒருவர் காலமான பிறகு வீட்டைத் திறந்துவைத்து, கட்டிலில் இருந்து சுத்தியல் வரை விலை எழுதி ஒட்டி ஊரைக் கூப்பிட்டு விற்பது இங்கே நடக்காது, நடந்தால் சொந்தபந்தம் சும்மா விடாது. ஆனால் பொருள் வெளியே வராமல் இல்லை. முன்னே பேரீச்சம்பழ வண்டிக்குப் போனது, இப்போது ஸ்பீக்கர் கட்டிய மினிடோர் ஆட்டோவுக்குப் போகிறது, அவ்வளவுதான் வித்தியாசம். அந்த ஆட்டோ வருவதற்கு ஒரு வாரம் முன்னால் நீங்கள் போய்ச் சேர வேண்டும்.

முதலில் எது எங்கே இருக்கும் என்று தெரிய வேண்டும். கோயமுத்தூரில் 1888-லேயே ஸ்டேன்ஸ் மில் வந்துவிட்டது, 1932-ல் நீலகிரியில் இருந்து பைக்காரா நீர்மின்சாரம் வந்த பிறகு மில்கள் வரிசையாக முளைத்தன. மில்லுக்கு மில் ஒரு ஒர்க்‌ஷாப், அதில் கப்பலில் வந்த வைஸ், ஸ்பேனர், அரம். பின்னாளில் மில்கள் மூட மூட, இதெல்லாம் மொத்தமாக ஏலம் போய் எடைக்கு வந்தது. உக்கடம் பக்கத்துப் பழைய இரும்புக் கடைகளில் இன்னும் அதில் மிச்சம் மீதி கிடைக்கும். காலையில் லோடு இறக்கும்போதே போங்கள். சாயங்காலம் போனால் நல்லதை எல்லாம் ஒர்க்‌ஷாப்காரர்கள் பொறுக்கியிருப்பார்கள்.

மரவேலைக் கருவிதான் வேண்டும் என்றால், எல்லாரும் ஆசாரி வீட்டைத்தான் நினைப்பார்கள். நான் பேட்டர்ன் போடுகிறவர்களைத் தேடச் சொல்வேன். பம்ப்செட் வார்ப்பதற்கு முன் அதே வடிவத்தை மரத்தில் செய்து மணலில் பதிக்க வேண்டும், அதைச் செய்கிறவர்கள் நூல் அளவு பிசகாமல் வேலை செய்கிற ஆட்கள். பீளமேடு, கணபதி பக்கம் அந்தக் காலத்துப் பவுண்டரிகளில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர்கள் வீட்டுப் பரணில் இருப்பது போன்ற உளி செட்டுகளைச் சாதாரண மரவேலைக்காரர்களிடம் பார்க்க முடியாது.

பேட்டர்ன்காரர்களின் கருவியே தனி என்பதை நான் கண்ணாடி ஒன்றை வீணாக்கித்தான் தெரிந்துகொண்டேன். உக்கடத்தில் ஒரு கடையில், துருப்பிடித்த போல்ட் குவியலுக்கு அடியில் இரண்டடி எஃகு ஸ்கேல் ஒன்று கிடைத்தது. கோடுகள் மயிரிழை மாதிரி, எழுத்து மட்டும் பாதி தேய்ந்து போயிருந்தது. நாற்பது ரூபாய். அதையே வைத்து ஒரு அலமாரிக் கதவுக்கு நாலடி உயரச் சட்டம் செய்து, கண்ணாடிக் கடையில் அளவு சொல்லி வெட்டி வந்து வைத்தால், கண்ணாடி அரை அங்குலம் குறைகிறது. நேராகக் கடைக்காரரிடம் சண்டைக்குப் போனேன். அவர் ஒன்றும் பேசவில்லை, டேப்பை எடுத்துக் கண்ணாடி மேல் போட்டார். சரியாக இருந்தது. வீட்டுக்கு வந்து டேப்பை ஸ்கேல் மேல் வைத்தால், இரண்டடி ஸ்கேல் இரண்டடி கால் அங்குலம் இருக்கிறது. போலி என்று நினைத்துத் தூக்கிப் போடப் போனேன். பேட்டர்ன் வேலை பார்த்த பக்கத்து வீதிக்காரர் ஒருவர் பார்த்துவிட்டுச் சிரித்தார். "தம்பி, இது தப்பான ஸ்கேல் இல்லீங்க. வார்ப்பு ஆறும்போது சுருங்கும், அந்தச் சுருக்கத்தைச் சேத்து அடிச்ச ஸ்கேலுங்க." வார்ப்பிரும்புக்கு அடிக்கு அரைக்கால் அங்குலம் கூட. பேட்டர்ன்காரர் கணக்குப் போட வேண்டியதில்லை, ஸ்கேல் சொல்கிறபடி வெட்டினால் போதும். அவரிடம் அந்த மாதிரி நாலு இருந்தது. கேட்டேன், தரவில்லை.

வீடுகளில் என்ன இருக்கிறது என்று தெரிந்துகொள்ள வருஷத்தில் ஒரு நல்ல நாள் உண்டு, ஆயுத பூசை. பெட்டிக்குள் இருப்பதெல்லாம் அன்றைக்குக் கழுவித் துடைத்துச் சந்தனம் பொட்டு வைத்து வெளியே வரிசையாக இருக்கும். பொரிகடலை வாங்கிக்கொண்டு பாருங்கள், விலை மட்டும் பேசாதீர்கள். பூசைக்கு வைத்ததை அன்றைக்கே கேட்டால் அப்புறம் அந்த வாசலில் உங்களுக்கு மரியாதை கிடையாது. ஒரு மாசம் கழித்துப் போகலாம். துக்க வீடு என்றால் கருமாதி முடிந்து சில மாசமாவது போகட்டும்.

காங்கயம் பக்கம் வண்டி செய்த ஓர் ஆசாரி வீட்டில் அந்த அம்மா என்னைக் கேட்டார்: "பழைய இரும்புக்காரன் எரநூறு தர்றேங்கறான், நீ என்ன கண்ணு தருவ?" நாலு உளி, ஒரு இழைப்புளி. உளி எல்லாம் இங்கிலாந்தில் ஷெஃபீல்டு ஊரில் செய்தது. முந்நூறுக்கு முடித்திருக்கலாம், அப்படி முடித்துவிட்டுப் பெருமை பேசுகிறவர்களும் இருக்கிறார்கள், எனக்கு அது பிடிக்காது. வெளியே என்ன விலை போகும் என்று சொல்லி மூவாயிரம் கொடுத்தேன். மரம் செதுக்குகிற வாச்சியை மட்டும் அவர் தரவில்லை. பிடியில் கட்டைவிரல் பட்ட இடம் சின்னக் குழியாகத் தேய்ந்திருந்தது, அதைத் தடவிக்கொண்டே, "இது கெடக்கட்டும் சாமி" என்றார்.

வாங்கும்போது பெயின்ட்டைப் பார்க்காதீர்கள். உளியின் தட்டையான பின்பக்கத்தில் கூர்முனைக்குப் பக்கத்தில் துரு குழி குழியாக அரித்திருந்தால் விட்டுவிடுங்கள், எவ்வளவு தீட்டினாலும் முனை பல்பல்லாகத்தான் வரும். முனை நீலம் பாரித்திருந்தால் யாரோ சாணையில் சூடேற்றிப் பதத்தைக் கெடுத்திருக்கிறார்கள். வார்ப்பிரும்பு இழைப்புளி என்றால் தேங்காயைச் சுண்டிப் பார்க்கிற மாதிரி சுண்டுங்கள், கீறல் இருந்தால் சத்தம் செத்துப்போய் வரும். அலகு நுழைகிற வாய் ஓரத்தில்தான் பெரும்பாலும் கீறல் விடும். ஸ்டான்லி என்ற அமெரிக்கக் கம்பெனியின் இழைப்புளியில் அலகைக் கழற்றிவிட்டு, கைப்பிடிக்கு முன்னால் உடம்பைப் பாருங்கள். அங்கே வார்ப்பிலேயே மூன்று பேட்டன்ட் தேதி, இரண்டு 1902, ஒன்று 1910 என்று இருந்தால் கிட்டத்தட்ட 1910-க்கும் 1918-க்கும் இடையில் செய்தது. உளியில் 'கேஸ்ட் ஸ்டீல்' என்று அடித்திருந்தால் வார்ப்பிரும்பு என்று பயந்து வைத்துவிடாதீர்கள், அது மூசையில், அதாவது உலோகம் உருக்குகிற மண் குடுவையில், உருக்கிய எஃகு, பழையதிலேயே நல்லது. (ஷெஃபீல்டில் ஹன்ட்ஸ்மன் என்பவர் 1740-களில்தான் அதைக் கண்டுபிடித்தார். நம்ம சென்னிமலைக்குப் பக்கத்துக் கொடுமணலில் அதற்கு வெகு காலம் முந்தைய மூசை எஃகுக்கான தடயத்தையே தோண்டி எடுத்திருக்கிறார்கள், அது வேறு கதை.)

துருவுக்கு உப்புத்தாளைப் போட்டுத் தேய்த்து முத்திரை எழுத்தை அழிக்காதீர்கள். பிளாஸ்டிக் வாளியில் தண்ணீர், சலவைச் சோடா, பேட்டரி சார்ஜர் போதும். சார்ஜரின் மைனஸ் கருவிக்கு, ப்ளஸ் ஏதாவது பழைய இரும்புத் துண்டுக்கு. அந்தத் துண்டு எவர்சில்வராக மட்டும் இருக்கக் கூடாது, தண்ணீரில் குரோமிய விஷம் இறங்கும். இரண்டும் உள்ளே ஒன்றோடொன்று படக் கூடாது. மரப்பிடி, பித்தளையைக் கழற்றிவிட்டு, காற்றோட்டமான வாசலில் வைத்து ஒரு ராத்திரி விடுங்கள், காலையில் துரு கருப்புச் சேறாக உதிரும். காய்ந்ததும் உடனே எண்ணெய் போடுங்கள், மெஷின் ஆயில் போதும், தேங்காய் எண்ணெய் நாளாக ஆகப் பிசுக்குப் பிடிக்கும். மரப்பிடிக்கு லின்சீட் ஆயில், அதாவது ஆளிவிதை எண்ணெய். துடைத்த துணியைச் சுருட்டி மூலையில் போட்டுவிடாதீர்கள், தானாகவே சூடேறித் தீப்பிடிக்கும். கொடியில் விரித்துக் காயப் போட்டு அப்புறம் குப்பைக்கு அனுப்புங்கள்.