செட்டிநாட்டுக்கு ரயிலில் வந்து டவுன் பஸ்ஸில் சுற்ற: எந்த ஸ்டேஷனுக்கு டிக்கெட் போடுவது?

கேள்வி: சென்னையிலிருந்து நான், தம்பி, அம்மா (வயது 63) மூவரும் மூன்று நாள் காரைக்குடிப் பக்கம் வருகிறோம். கானாடுகாத்தான், ஆத்தங்குடி, பிள்ளையார்பட்டி, தேவகோட்டை பார்க்க வேண்டும். கார் எடுக்கப் போவதில்லை. எனக்கும் தம்பிக்கும் டவுன் பஸ் என்றால் உயிர். டிக்கெட் போடப் போனால் செட்டிநாடு, காரைக்குடி, தேவகோட்டை ரோடு என்று மூன்று ஸ்டேஷன் வருகிறது. எதற்குப் போடுவது? பல்லவன் எக்ஸ்பிரஸில் வெயிட்டிங் லிஸ்ட் 14 காட்டுகிறது, ஆர்ஏசி ஆகுமா? ஆகாவிட்டால் அன்ரிசர்வ்டு டிக்கெட் எடுத்து சேது எக்ஸ்பிரஸில் ஏறலாமா?

பதில்:

காரைக்குடிக்கே போடுங்கள். ஸ்டேஷன் பெயரைப் பார்த்து முடிவு செய்தால் செட்டிநாட்டில் ஏமாந்துபோவீர்கள். இறங்கிய இடத்திலிருந்து அடுத்த பஸ் எங்கே கிடைக்கும் என்பதுதான் இங்கே கணக்கு. சுற்றியுள்ள ஊர்களுக்கு வண்டிகள் காரைக்குடியிலிருந்துதான் பிரிகின்றன. ஓர் ஊரிலிருந்து பக்கத்து ஊருக்குக் குறுக்கே ஓடும் வண்டி குறைவு.

புதுக்கோட்டையிலிருந்து தெற்கே வரும் பாதையில் நமணசமுத்திரம், திருமயம், செட்டிநாடு, கோட்டையூர், காரைக்குடி என்று ஸ்டேஷன்கள் வரும். காரைக்குடியைத் தாண்டினால் தேவகோட்டை ரோடு, கல்லல், பனங்குடி, சிவகங்கை, மானாமதுரை. தேவகோட்டை ரோடு என்பது தேவகோட்டை அல்ல. ஊர்க்காரர்கள் ரஸ்தா என்று சொல்லும் இடத்தில் இருக்கிறது. தேவகோட்டை நகரத்தில் ரயிலே இல்லை. பெட்டியோடு அங்கே இறங்கி நிற்பதைவிட, காரைக்குடி பஸ் ஸ்டாண்டுக்கு வந்து தேவகோட்டை வண்டி ஏறுவது சுலபம். அந்த ரூட்டில் வண்டிக்குப் பஞ்சமில்லை.

செட்டிநாடு ஸ்டேஷன் கானாடுகாத்தானை ஒட்டியது. கானாடுகாத்தானிலேயே தங்குகிறவர்களுக்கு அது நல்ல ஸ்டேஷன். ஆனால் எல்லா எக்ஸ்பிரஸும் அங்கே நிற்காது. தேடும்போது 'செட்டிநாடு' ஸ்டேஷனையே தேர்ந்தெடுத்துப் பாருங்கள். நிற்கிற வண்டி மட்டும் பட்டியலில் வரும். நீங்கள் காரைக்குடியில் தங்கினால், ஒரு நாள் திருச்சிப் பக்கம் போகும் பாசஞ்சரில் ஏறிக் கோட்டையூர் வழியாகச் செட்டிநாட்டில் இறங்குங்கள். பாசஞ்சர் ரயிலின் குறைந்தபட்சக் கட்டணம் 10 ரூபாய். அதே தூரத்தை எக்ஸ்பிரஸில் போனால் குறைந்தபட்சம் 30. டிக்கெட் எடுக்கும்போது வண்டி வகையைக் கவனித்துத் தேர்ந்தெடுக்க வேண்டும். சாதா டிக்கெட்டோடு எக்ஸ்பிரஸில் ஏறினால் பரிசோதகர் வித்தியாசத் தொகையும் அபராதமும் கேட்பார்.

இனி வெயிட்டிங் லிஸ்ட். பல்லவன் பகல் வண்டி. உட்காரும் இருக்கைதான், படுக்கை கிடையாது. ஆர்ஏசி என்பது ஒரு பக்கவாட்டுப் படுக்கையை இருவருக்குப் பகிர்ந்து கொடுக்கும் ஏற்பாடு, ஆகவே உட்காரும் வகுப்பில் அதற்கு இடமே இல்லை. உங்கள் 14 ஒன்று உறுதியாகும், இல்லாவிட்டால் வெயிட்டிங்காகவே நிற்கும். 'ஜிஎன்டபிள்யூஎல் 32 / டபிள்யூஎல் 14' என்று இருந்தால் (ஜிஎன்டபிள்யூஎல் என்பது பொது வெயிட்டிங் லிஸ்ட்), முதல் எண் நீங்கள் டிக்கெட் போட்டபோது இருந்த இடம், இரண்டாவது இன்றைய இடம். இரண்டுக்கும் உள்ள இடைவெளியைப் பார்த்தால் லிஸ்ட் எவ்வளவு வேகமாக நகர்கிறது என்பது தெரியும். நகராமலே கிடந்தால் வேறு வழி பாருங்கள்.

மூவருக்கும் ஒரே பிஎன்ஆரில், அதாவது ஒரே முன்பதிவு எண்ணில், போட்டிருந்தால் ஒரு பலன் உண்டு. ஆன்லைன் டிக்கெட்டில் மூவருமே வெயிட்டிங்கில் நின்றால் சார்ட் (இறுதிப் பயணிகள் பட்டியல்) போட்டதும் டிக்கெட் தானாக ரத்தாகி, தலைக்கு 60 ரூபாயும் அதற்கான வரியும் பிடித்தம் போகப் பணம் திரும்பும். அந்த டிக்கெட்டோடு ஏறக் கூடாது. மூவரில் ஒருவருக்கு இடம் உறுதியானாலும் மற்ற இருவர் பெயரும் சார்ட்டில் இருக்கும், அவர்களும் ஏறலாம். இருக்கை ஒன்றுதான், ஆனால் பயணம் சட்டப்படி சரி. தனித்தனியாகப் போட்டால் இந்த வசதி போய்விடும். கவுண்டரில் எடுத்த வெயிட்டிங் டிக்கெட் தானாக ரத்தாகாது. வண்டி கிளம்ப அரை மணி நேரத்துக்கு முன்பே நீங்கள்தான் ரத்து செய்ய வேண்டும். பலர் இதை மறந்து முழுப் பணத்தையும் இழக்கிறார்கள்.

சேதுவில் அன்ரிசர்வ்டு டிக்கெட்டோடு ஏறலாம், ஆனால் அது சூப்பர்ஃபாஸ்ட் டிக்கெட்டாக இருக்க வேண்டும். எண்ணைப் பார்த்தாலே தெரியும்: 12, 20, 22 என்று தொடங்குபவை சூப்பர்ஃபாஸ்ட். பல்லவன் 12605, சேது 22661. 16 என்று தொடங்குபவை சாதாரண எக்ஸ்பிரஸ். 16851 போட் மெயில் அந்த வகை. போட் மெயிலுக்கு எடுத்த டிக்கெட் சேதுவில் செல்லாது. இரண்டாம் வகுப்புக்குச் சூப்பர்ஃபாஸ்ட் கூடுதல் கட்டணம் 15 ரூபாய்தான். அதை மிச்சம் பிடிக்கப் போய் 250 ரூபாய்க்குக் குறையாத அபராதத்தில் மாட்ட வேண்டாம். பாதையும் வேறு. சேது விருத்தாசலம், அரியலூர் வழியாக கார்டு லைனில் வரும். போட் மெயில் மயிலாடுதுறை, தஞ்சாவூர் வழியாக மெயின் லைனில் சுற்றி வரும். 200 கிலோமீட்டருக்கு மேல் என்பதால் இந்த டிக்கெட்டைக் கவுண்டரில் 3 நாள் முன்பே வாங்கலாம். இவ்வளவும் சொன்னாலும், 63 வயது அம்மாவை ராத்திரியில் முன்பதிவில்லாப் பெட்டியில் கூட்டி வருவதை நான் ஆதரிக்க மாட்டேன். தம்பியும் நீங்களும் மட்டும் என்றால் சரி.

அம்மாவுக்காக ஸ்லீப்பரில் வருவதானால், லோயர் பெர்த் கோட்டாவைப் பாருங்கள். 45 வயதான பெண்களும் 60 வயதான ஆண்களும் இதில் போடலாம். ஒரு பிஎன்ஆரில் இருவருக்கு மேல் கூடாது, இருவரும் அந்தத் தகுதி உள்ளவர்களாக இருக்க வேண்டும். ஆகவே அம்மாவுக்குத் தனி பிஎன்ஆர் ஆகும். ஒரே பிஎன்ஆரின் பலனும் கீழ்ப்படுக்கையும் இங்கே ஒன்றோடொன்று மோதும். என் தீர்ப்பு: உட்காரும் வண்டியில் எல்லோரும் ஒரே பிஎன்ஆர், படுக்கை வண்டியில் அம்மா தனி.

திரும்பும் டிக்கெட்டில் கோட்டாவைத்தான் முதலில் பார்க்க வேண்டும். வண்டி எங்கே கிளம்புகிறதோ அங்கிருந்துதான் அதிக இடம் ஒதுக்குவார்கள். பல்லவன் (12606) காரைக்குடியில் கிளம்புவதால் உங்கள் வெயிட்டிங் பொது லிஸ்ட்டில் வரும், அது ஓரளவு நகரும். ராமேஸ்வரத்தில் கிளம்பும் இரவு வண்டிகளில் காரைக்குடிக்காரர்களுக்குப் பெரும்பாலும் 'ஆர்எல்' அல்லது 'பிக்யூ' என்று தொடங்கும், நடுவழி ஸ்டேஷன்களுக்கான லிஸ்ட்தான் கிடைக்கும். அதற்கான இடங்கள் கொஞ்சம், 5 என்ற எண்கூட நகராமல் கிடக்கலாம். அப்படிக் காட்டினால், ராமேஸ்வரத்திலிருந்து சென்னைக்கு இடம் இருக்கிறதா என்று தேடுங்கள். இருந்தால் அந்த முழுத் தூரத்துக்கு டிக்கெட் போட்டு, ஏறும் இடத்தைக் காரைக்குடி என்று அப்போதே குறித்துவிடுங்கள். கட்டணம் கொஞ்சம் கூடும், விதிமீறல் எதுவும் இல்லை. ஏறும் இடத்தைக் குறிக்க மறந்தால் ராமேஸ்வரத்தில் நீங்கள் ஏறவில்லை என்று பரிசோதகர் அந்தப் படுக்கையை வேறு யாருக்காவது கொடுத்துவிட வாய்ப்புண்டு. மாற்றிய பிறகு பழைய ஸ்டேஷனில் ஏறும் உரிமை போய்விடும் என்பதையும் நினைவில் வையுங்கள்.

தேதியில் பலர் தடுக்கி விழும் ஓர் இடம் இருக்கிறது. முன்பதிவு 60 நாள் முன்பு திறக்கும், தட்கல் (கடைசி நேர முன்பதிவு) முந்தைய நாள் திறக்கும்: ஏசிக்குக் காலை 10 மணி, மற்றவற்றுக்கு 11 மணி. இந்த நாள் கணக்கு வண்டி தன் முதல் ஸ்டேஷனிலிருந்து கிளம்பும் தேதியை வைத்தது. நீங்கள் ஏறும் தேதியை வைத்தது அல்ல. ஞாயிறு விடியற்காலை காரைக்குடியில் ஏறி ராமேஸ்வரம் போக நினைத்தால், அந்த வண்டி சென்னையில் சனிக்கிழமை இரவே கிளம்பியிருக்கும். தட்கல் வெள்ளிக்கிழமை திறந்துவிடும். டிக்கெட்டில் பயணத் தேதி ஞாயிறு என்றே போட வேண்டும். சனிக்கிழமை 11 மணிக்குக் கணினி முன்னால் உட்காருகிறவர்கள் ஒரு நாள் பிந்திவிட்டார்கள் என்று அர்த்தம். 2025 ஜூலை முதல் ஆன்லைன் தட்கலுக்கு ஆதார் சரிபார்த்த கணக்கு வேண்டும், அதை முன்கூட்டியே முடித்து வையுங்கள். உறுதியான தட்கல் டிக்கெட்டை ரத்து செய்தால் பணம் வராது.

எதுவும் கிடைக்காவிட்டால் திருச்சி வரை ஒரு வண்டி, அங்கிருந்து பாசஞ்சர் அல்லது பஸ். சென்னை–திருச்சிக்கு வண்டி அதிகம், இடம் கிடைக்கும் வாய்ப்பும் அதிகம். ஆனால் திருச்சியில் வெளியூர் பஸ்கள் 2025 ஜூலையில் பஞ்சப்பூர் முனையத்துக்குப் போய்விட்டன. ஜங்ஷனிலிருந்து நடந்து போய்ப் பிடித்த பழைய பழக்கத்தில் திட்டம் போடாதீர்கள். சென்னையிலிருந்து நேராக அரசு விரைவுப் பேருந்தில் வருவதானாலும் ஏற வேண்டியது கிளாம்பாக்கம், கோயம்பேடு அல்ல.

இப்போது பஸ். காரைக்குடி வண்டிகள் அரசுப் போக்குவரத்துக் கழகத்தின் கும்பகோணம் கோட்டம், காரைக்குடி மண்டலத்தைச் சேர்ந்தவை. 1997-ல் தலைவர்கள் பெயரை எடுக்கும் வரை இது மருது பாண்டியர் போக்குவரத்துக் கழகம். பழைய பயணிகள் சிலர் இன்றும் எம்பிடிசி என்றே சொல்வார்கள். பதிவெண் டிஎன் 63 என் என்று தொடங்கும். திருமயம் பக்கம் போனால் டிஎன் 55 என் வண்டிகள் கலந்து வரும், அவை புதுக்கோட்டை மண்டலம். வண்டி எந்தப் பக்கத்து டெப்போவுக்குத் திரும்பும் என்பதற்கு இது ஒரு நல்ல குறிப்பு.

கிராமத்து டவுன் பஸ் ஓடும் நேரத்தைப் பள்ளிக்கூடமும் சந்தையும்தான் தீர்மானிக்கின்றன. காலையில் அடுத்தடுத்து வரும்; பதினொன்றரைக்கு மேல் இடைவெளி விழும்; மூன்றரைக்குப் பிறகு மறுபடி சூடு பிடிக்கும். சில வண்டிகள் இரவு கிராமத்திலேயே தங்கி விடியற்காலையில் முதல் நடையாகக் கிளம்பும், அதை நைட் ஹால்ட் வண்டி என்பார்கள். ஆகவே வண்டி குறைவான ஊருக்குக் காலையில் போங்கள், மெயின் ரோட்டு ஊரை மாலைக்கு வையுங்கள். உங்கள் பட்டியலில் ஆத்தங்குடிதான் முதலில் முடிக்க வேண்டியது. பிள்ளையார்பட்டி கடைசி: காரைக்குடி–திருப்பத்தூர் சாலையில் குன்றக்குடியை அடுத்து இருப்பதால் மதுரைப் பக்கம் போகும் வண்டிகள் நாள் முழுக்க உண்டு. கோயில் நடையும் மதியம் சாத்தி மாலை 4 மணிக்குத்தான் திறக்கும். பாயிண்ட் டு பாயிண்ட் வண்டிகள் நடுவில் நிற்காது, ஏறும் முன் கண்டக்டரிடம் "பிள்ளையார்பட்டி நிக்குமாண்ணே?" என்று கேட்டுக்கொள்ளுங்கள்.

போர்டில் ரூட் எண்ணை மட்டும் பார்க்காதீர்கள். எண்ணுக்குப் பின்னால் ஓர் எழுத்து சேர்ந்தால் வழியே மாறிவிடும். கீழே 'வழி' என்று எழுதியிருக்கும் ஊர்ப் பெயர்தான் முக்கியம். சந்தேகம் என்றால் பஸ் ஸ்டாண்டில் டைம் கீப்பர் அறைக்குப் போங்கள்; செல்போனில் தேடுவதைவிட அது நம்பகம். கிராமத்தில் இறங்கும்போது கண்டக்டரிடம் கேட்க வேண்டிய கேள்வி ஒன்று: "திரும்பி வர்ற கடைசி வண்டி எப்போ?" ஆத்தங்குடியிலிருந்து கானாடுகாத்தானுக்குப் போகப் பஸ்ஸுக்குக் காத்திருக்காமல் ஆட்டோ பேசுங்கள், அந்த ஒரு துண்டுக்கு மட்டும் செலவு செய்தால் ஒரு முழு நாள் மிச்சம்.

அம்மாவுக்கு அரசு டவுன் பஸ்ஸில் கட்டணம் இல்லை. 2021 மே முதல் சாதாரண நகரப் பேருந்துகளில் பெண்களுக்கு இந்தச் சலுகை உண்டு. ஆனாலும் கண்டக்டர் தரும் பூஜ்ய மதிப்புச் சீட்டை வாங்கிக் கையில் வைத்திருக்க வேண்டும். தனியார் டவுன் பஸ், மினி பஸ், மதுரை போன்ற வெளியூர் வண்டி எதிலும் இது செல்லாது. பிள்ளையார்பட்டிக்கு மதுரை வண்டியில் ஏறினால் அம்மாவுக்கும் டிக்கெட்தான்.

பல்லவனில் வரும்போது இரவு பத்து மணிக்குப் பிறகுதான் காரைக்குடி வந்து சேரும். அந்த நேரத்துக்குக் கிராமத்து வண்டிகள் ஓய்ந்திருக்கும், அன்று ஊருக்குள்ளேயே தங்குங்கள். திரும்பும் பல்லவன் விடியலிலேயே கிளம்புவதால் சார்ட் முந்தைய நாள் இரவே வந்துவிடும். இடம் கிடைக்காதவர்கள் அந்தச் சார்ட்டுக்குப் பிறகு காலி இருக்கை இருந்தால் கரண்ட் புக்கிங்கில் எடுக்கலாம், தூங்கும் முன் ஒரு முறை பார்த்துவிடுங்கள். காலையில் ஸ்டேஷனுக்குப் போக டவுன் பஸ்ஸை நம்ப வேண்டாம், ஆட்டோவை முந்தைய இரவே பேசி வையுங்கள்.