34 பேர், 20 நிமிடம், 2 மைக்: பிரிவு விழா நாடகத்தில் சிரிக்க வைப்பது எப்படி?

கேள்வி: பள்ளியின் கடைசி ஆண்டில் இருக்கிறோம். வகுப்பில் 34 பேர். பிரிவு விழாவில் எங்களுக்கு 20 நிமிடம் ஒதுக்கியிருக்கிறார்கள். ஆசிரியர்களையும் எங்களையும் கலாய்த்து ஒரு நகைச்சுவை நாடகம் போட ஆசை. எல்லோரும் மேடையேற வேண்டும், யார் மனமும் நோகக் கூடாது. போன ஆண்டு சீனியர்கள் போட்டது மூன்றாவது வரிசையைத் தாண்டிக் கேட்கவே இல்லை. கையில் 3 வாரமும் 2 மைக்கும் இருக்கின்றன. எங்கிருந்து தொடங்குவது?

பதில்: பேனாவை எடுப்பதற்கு முன்னால் கணக்கைப் போட்டுவிடுங்கள். 20 நிமிடத்துக்கும் வசனம் எழுதினால் நாடகம் அரை மணி நேரத்தை நெருங்கும். பாதியில் யாராவது ஓரத்திலிருந்து கையைக் காட்டி முடிக்கச் சொல்வார்கள். சிரிப்புக்கும் கைதட்டலுக்கும் 3 நிமிடம், காட்சி மாற்றங்களுக்கு 1 நிமிடம், எல்லோரும் சேர்ந்து வரும் கடைசிக் காட்சிக்கும் வணக்கத்துக்கும் 3 நிமிடம் போனால் வசனத்துக்கு மிஞ்சுவது 13 நிமிடம். மேடையில் தெளிவாகப் பேசும்போது தமிழில் நிமிடத்துக்கு ஏறக்குறைய 90 சொற்கள் போகும். ஆக, 1,200 சொற்களுக்குள் ஸ்கிரிப்ட் முடிய வேண்டும். முதல் வரைவு 1,800-இல் வந்து நிற்கும். கவலையில்லை, எப்படியும் வெட்டத்தானே போகிறீர்கள்.

எதை வெட்டுவது? உங்களுக்கு மட்டுமே புரிகிற ஜோக்குகளை. போன வருடம் லேப்பில் நடந்த சம்பவம், வகுப்புக்குள் புழங்கும் பட்டப்பெயர், வாட்ஸ்அப் குழுவில் ஓடிய கூத்து, இவற்றுக்கெல்லாம் சிரிக்கத் தெரிந்தவர்கள் 34 பேர்தான். அந்த 34 பேரும் மேடையில் நிற்கிறார்கள்! கீழே இருப்பவர்கள் ஜூனியர்கள், ஆசிரியர்கள், பெற்றோர். உங்கள் வகுப்பைச் சேராத ஒருவரை உட்கார வைத்து ஸ்கிரிப்டைப் படித்துக் காட்டுங்கள். எந்த வரிக்கு விளக்கம் சொல்ல வேண்டியிருக்கிறதோ அந்த வரி போகட்டும். மிகவும் பிடித்த வரி என்றால், அந்த விளக்கத்தையே முன்கூட்டி ஒரு வசனமாக வைத்துவிடுங்கள்.

கட்டமைப்புக்கு மண்டையை உடைத்துக்கொள்ள வேண்டாம். ‘பள்ளியில் ஒரு நாள்’ என்பது பழைய சட்டகம்தான், ஆனால் உழைக்கும். காலை மணியிலிருந்து கடைசி மணி வரை 5 காட்சிகள், ஒவ்வொன்றும் இரண்டரை நிமிடம். மணி அடித்தால் காட்சி மாறுகிறது என்பதை யாரும் விளக்க வேண்டியதில்லை. மணி அடித்ததும் பத்துப் பதினைந்து பேர் பையோடு மேடையைக் குறுக்கே கடந்து ஓடட்டும். அந்த ஓட்டத்தின் மறைவில் பெஞ்ச் இடம் மாறிவிடும். 15 வினாடிக்கு மேல் மேடை காலியாக இருந்தால் கூட்டம் தன் பேச்சைத் தொடங்கிவிடும். அதை மறுபடி அடக்க உங்கள் அடுத்த இரண்டு ஜோக்குகள் செலவாகும். விளக்கை முழுக்க அணைத்துவிட்டுப் பெஞ்சை நகர்த்தாதீர்கள், முழங்கால் உடையும்.

இனி ஆசிரியர்கள். நகை எங்கிருந்து பிறக்கிறது என்று தொல்காப்பியம் மெய்ப்பாட்டியலில் நான்கு இடங்களைச் சொல்கிறது: எள்ளல், இளமை, பேதைமை, மடன். இந்த நான்கில் முதலாவது மட்டுமே அடுத்தவரைக் குத்தும். மற்ற மூன்றும் குழந்தைத்தனம், சொன்னதை அப்படியே நம்பும் வெகுளித்தனம், தப்பாகப் புரிந்துகொள்வது ஆகியவற்றின் பக்கம் நிற்பவை. பிரிவு விழா நாடகங்கள் கசந்துபோவது பெரும்பாலும் எள்ளலை மட்டுமே நம்புவதால்தான். எள்ளலை ஊறுகாய் அளவுக்குத் தொட்டுக்கொண்டு, மற்ற மூன்றுக்கும் மாணவப் பாத்திரங்களைப் பொறுப்பாக்குங்கள்.

செயலில் இது இப்படி இருக்கும். “இதுதான் கடைசிக் கேள்வி” என்று சொல்லி ஏழு கேள்வி கேட்கும் ஆசிரியர் இருக்கிறார் என்று வையுங்கள். அந்தப் பழக்கத்தைக் காட்டலாம். ஆனால் ஒவ்வொரு முறையும் அதை நம்பிப் பையை மூடிவிட்டு மறுபடி திறக்கும் மாணவன்தான் சிரிப்பை வாங்க வேண்டும். ஆசிரியர் காரணம், மாணவன் பலி. இந்த வரிசை மாறாத வரை யாருக்கும் முகம் சுளிக்காது. தொடக்கூடாதவற்றைத் தெளிவாகவே சொல்லிவிடலாம்: உடம்பு, நிறம், திக்குவாய் போன்ற பேச்சுக் குறை, சாதி, மதம், ஊர்வழக்கு, குடும்பம், காதல் வதந்தி, மதிப்பெண். சக மாணவர்களுக்கும் இதே பட்டியல்தான். ‘அவன் கோவிச்சுக்க மாட்டான்’ என்று மற்றவர்கள் சொல்வது சம்மதம் ஆகாது.

யாரை மிமிக்ரி செய்கிறீர்களோ, அவரிடம் அந்தப் பக்கத்தை ஒரு வாரம் முன்பே கொடுத்துப் படிக்கச் சொல்லுங்கள். அதிர்ச்சி போய்விடுமே என்று தயங்காதீர்கள். படித்தவர் அரங்கில் முதலில் சிரிப்பார், அவர் சிரிப்பதைப் பார்த்தபின்தான் மற்றவர்கள் தைரியமாகச் சிரிப்பார்கள். இரண்டொருவர் நல்ல திருத்தமும் சொல்வார்கள். ஒப்புக்கொண்ட ஸ்கிரிப்டுக்கு மேல் மேடையில் ஒரு வரி கூடச் சேர்க்கக் கூடாது என்பது கறாரான விதி. பெரிய தகராறுகள் அந்தத் திடீர் வரியிலிருந்துதான் கிளம்புகின்றன, செல்போனில் பதிவாகி 10 வினாடித் துண்டாகச் சுற்றுவதும் அதுவாகவே இருக்கும்.

வேடத்துக்கு ஒரே ஒரு அடையாளம் போதும்: மூக்கு நுனிக் கண்ணாடி, அல்லது கக்கத்தில் இடுக்கிய வருகைப் பதிவேடு. முகமூடி வேண்டவே வேண்டாம், குரலை விழுங்கிவிடும். பொருளைப் பெரிதாக்குங்கள், முழ நீளச் சாக்பீஸ் கடைசி வரிசைக்கும் தெரியும். அட்டையில் எழுதிக் காட்டுவதாக இருந்தால், 15 மீட்டர் நீள அரங்குக்கு எழுத்தின் உயரம் 12 செ.மீ.க்குக் குறையக் கூடாது.

வசனத்தில் தமிழுக்கே உரிய ஒரு சிக்கல் உண்டு. நம் வாக்கியம் வினையில் முடிகிறது. சிரிப்பு மூட்டும் சொல் நடுவில் வந்துவிட, அதன் பின்னால் ‘விட்டுச் செல்கிறோம்’, ‘என்று சொல்லிக்கொண்டிருந்தார்’ என்று ஒரு வால் தொங்குகிறது. அரங்கம் சிரிக்கத் தொடங்கும்போது நடிகர் இன்னும் வாலைப் பேசிக்கொண்டிருப்பார், சிரிப்பு பாதியில் அடங்கிவிடும். ஜூனியர்களுக்கு ‘உயில்’ வாசிக்கும் காட்சி வைத்தால் இது நன்றாகத் தெரியும். “கடைசி பெஞ்சையும் சுவரில் இருக்கும் எண்ணெய்க் கறையையும் உங்களுக்கு விட்டுச் செல்கிறோம்” என்று எழுதினால் சப்பென்று இருக்கும். “உங்களுக்கு நாங்கள் விட்டுச் செல்வது: கடைசி பெஞ்ச், அதன் பின்னால் உள்ள சுவர், அதில் எங்கள் தலைகள் வரைந்த எண்ணெய் ஓவியம்” என்று திருப்பிப் போடுங்கள். வினை முன்னால் போய்விட்டது, சிரிப்புச் சொல் கடைசியில் தனியாக நிற்கிறது. பேச்சுத் தமிழில் இந்தத் திருப்பம் இயல்பானதுதான்: “வந்தாரே பார்க்கணும், அதே சட்டையில!”

அந்தச் சொல்லைச் சொல்லும்போது மேடையில் வேறு யாரும் அசையக் கூடாது. கண் ஓரிடம் போனால் காது தவறவிடும். சிரிப்பு வந்தபின் எப்போது அடுத்த வரி? முழு அமைதிக்குக் காத்திருந்தால் வேகம் செத்துவிடும், உச்சத்தில் பேசினால் கேட்காது. சிரிப்பு ஏறி, இறங்கத் தொடங்கும் இடத்தில் பேசுங்கள். ஜோக்கை அடுத்து வரும் வரியில் முக்கியச் செய்தி எதையும் வைக்காதீர்கள், அது சிரிப்பில் மூழ்கக்கூடும்.

போன ஆண்டு கேட்காமல் போனதற்குப் பெரும்பாலும் காரணம், கைமைக்கை ஆள் மாற்றி ஆள் கொடுத்துக்கொண்டே நடித்ததாக இருக்கும். மைக் கை மாறும் 2 வினாடியில் டைமிங் போய்விடும். இரண்டையும் ஸ்டாண்டில் போட்டு மேடையின் முன்விளிம்பில் நிறுத்துங்கள். பேசுபவர் மைக்கிலிருந்து 30 செ.மீ. தூரத்தில் நின்றால், இரண்டு மைக்குக்கும் இடையே குறைந்தது 90 செ.மீ. வேண்டும், அதாவது மூன்று மடங்கு. நெருக்கமாக வைத்தால் ஒரே குரல் இரண்டிலும் சற்று முன்பின்னாக விழுந்து டப்பாவுக்குள் பேசுவதுபோல் ஒலிக்கும். தூரம் இரட்டிப்பானால் ஒலி 6 டெசிபல் குறையும் என்பதால், நிற்கும் இடத்தைத் தரையில் டேப் ஒட்டிக் குறித்துவிடுங்கள். வசனம் டேப் மீது, கூத்து பின்னால் எங்கு வேண்டுமானாலும். ஸ்பீக்கர்கள் மைக்குக்கு முன்னே, பார்வையாளர் பக்கம் திரும்பி இருக்க வேண்டும். பின்னால் இருந்தால் கீச்சிடும். கீச்சிட்டால் மைக்கின் தலையைக் கையால் பொத்தாதீர்கள், இன்னும் மோசமாகும். பேசாத மைக்கின் ஒலியைக் குறைத்து வைப்பதற்கென்றே ஸ்கிரிப்டோடு ஓர் ஆள் உட்காரட்டும்.

ஒத்திகையில் ஒருவரைக் கடைசி வரிசையில், விசிறிகளை ஓடவிட்டு உட்கார வையுங்கள். காதில் விழாத வரிக்கெல்லாம் அவர் கை தூக்கட்டும். பெரும்பாலும் தொலைவது வாக்கியத்தின் கடைசி அசைதான். ஆட்கள் நிறைந்த அரங்கம் ஒலியை உறிஞ்சும் என்பதால், காலி அரங்கில் ‘போதும்’ என்று தோன்றும் சத்தம் அன்றைக்குப் போதாது.

நாட்களை இப்படிப் பிரிக்கலாம். முதல் 4 நாளில் எழுத்து, எழுதுபவர்கள் மூன்று பேருக்கு மேல் வேண்டாம். ஐந்தாம் நாள் வாய்விட்டு வாசித்து வெட்டு. 12-ஆம் நாளோடு கையில் தாள் இருக்கக் கூடாது. இந்தக் கட்டத்தில்தான் ஓர் ஆபத்து: கேட்டுக் கேட்டு உங்களுக்கே ஜோக்குகள் சலித்துப்போய், புதிதாகச் சேர்க்கக் கை பரபரக்கும். சேர்க்காதீர்கள். பார்வையாளர் அதை முதல்முறையாகக் கேட்கப்போகிறார்கள். 17, 18-ஆம் நாட்களில் வசனத்தை விட்டுவிட்டு நுழைவு, வெளியேற்றம், பெஞ்ச் மாற்றம், மணியோசை ஆகியவற்றை மட்டும் ஓட்டுங்கள். கடைசி இரண்டு நாள் நடுவில் நிறுத்தாமல் முழு ஒத்திகை. மணியும் இசையும் இருக்கும் போன் ஃபிளைட் மோடில் இருக்கட்டும், இல்லையென்றால் உருக்கமான இடத்தில் யாராவது அழைப்பார்கள்.

34 பேரையும் மேடையேற்றும் கேள்விக்கு விடை கடைசிக் காட்சியில் இருக்கிறது: வருகைப் பதிவு. ஓர் ஆசிரியரையே பதிவேட்டோடு மேடைக்கு அழையுங்கள். அவர் பெயர் படிக்க, ஒவ்வொருவரும் தம் இயல்புக்கேற்ற குரலில் ஒரே சொல் பதில்: உள்ளேன், வந்துட்டேன், தூங்குறேன். ஆளுக்கு 3 வினாடி என்றால் 102 வினாடியில் முடிந்துவிடும். பதில்கள் படிப்படியாகச் சிரிப்பிலிருந்து அமைதிக்கு இறங்கட்டும்; தனியாக உருக்கமான உரையும் நன்றிப் பட்டியலும் தேவைப்படாது. பெயர் படித்த வரிசையிலேயே இரண்டு வரிசையாக நின்று, உயரமானவர்கள் பின்னால், நடுவில் நிற்பவர் தலையசைத்ததும் ஒரே வணக்கம். இதையும் நான்கு முறையாவது ஒத்திகை பாருங்கள், 34 பேர் ஒரே பக்கப் படிக்கட்டில் இறங்குவது உட்பட.