மலை ஏற்றத்தில் நின்றுவிடும் பழைய மாருதி

கேள்வி: எங்களிடம் 1996ஆம் ஆண்டு மாருதி 800 கார் இருக்கிறது. செங்கோட்டை, தென்காசிப் பக்கம் எவ்வளவு ஓட்டினாலும் குறையில்லை. ஆனால், அம்மாவைப் புனலூர் மருத்துவமனைக்கு அழைத்துச் செல்லும்போது, புளியரை எஸ் வளைவில் ஏறுகையில் திணறி நின்றுவிடுகிறது. அரைமணி நேரம் ஆறிய பிறகே கிளம்புகிறது. கார்புரேட்டரை இரண்டு முறை சுத்தம் செய்தும் பயனில்லை. புதிய கார்புரேட்டர் போடச் சொல்கிறார் மெக்கானிக். போடலாமா?
– வாசகர், புளியரை

பதில்: இப்போது போட வேண்டாம். கார்புரேட்டரில் கோளாறு என்றால் பெரும்பாலும் சமவெளியிலும் ஏதாவது தொந்தரவு தெரிந்திருக்கும். ஏற்றத்தில் மட்டும் நிற்பதால், பட்டறைகளில் ‘ஏசி பம்ப்’ என்று சொல்லப்படும் பெட்ரோல் பம்பைத்தான் நான் முதலில் சந்தேகிப்பேன்.

உங்கள் காரில் பெட்ரோல் டேங்க் பின்புறமும் என்ஜின் முன்புறமும் இருப்பதால், வண்டி மலையேறும்போது டேங்க் பம்பைவிட இன்னும் தாழ்ந்துவிடுகிறது. என்ஜினுக்குள் சுழலும் கேம் ஷாஃப்ட் என்ற தண்டின் அசைவால் இயங்கும் பம்ப், அந்த நேரத்தில் அதிக உயரத்துக்குப் பெட்ரோலை உறிஞ்ச வேண்டியிருக்கிறது. அதன் உள்ளே இருக்கும் டயாஃப்ரம் என்ற சவ்வு பல ஆண்டுகளில் விறைத்தோ வெடித்தோ போயிருந்தால், சமவெளியில் சமாளிக்கும் பம்ப் ஏற்றத்தில் தோற்றுவிடும். என்ஜின் சூட்டில் பெட்ரோல் ஆவியாகிவிட்டால் உறிஞ்சும் சக்தி மேலும் குறையும் என்பதால்தான், ஆறிய பிறகு வண்டி கிளம்புகிறது.

அடுத்த முறை நின்றால், முதலில் டேங்க் மூடியைத் திறந்து மூடிவிட்டு ஸ்டார்ட் செய்யுங்கள். உடனே கிளம்பினால், மூடியின் காற்றுத் துளை அடைத்திருக்கிறது என்று பொருள். செலவு மூடியோடு முடிந்துவிடும். அப்படியும் கிளம்பாவிட்டால், வீடு திரும்பி என்ஜின் நன்றாக ஆறிய பின், ஸ்பார்க் பிளக்குக்கு மின்சாரம் தரும் இக்னிஷன் காயிலின் (coil) ஒயரைக் கழற்றி, கார்புரேட்டருக்குப் போகும் குழாயை ஒரு பாட்டிலுக்குள் விட்டு, மெக்கானிக்கை ஸ்டார்ட்டரைச் சுற்றச் சொல்லுங்கள். பெட்ரோல் விட்டு விட்டு, வலுவாகப் பீய்ச்ச வேண்டும். சொட்டினால் பம்ப் போய்விட்டது.

என்ஜின் ஆயில் குச்சியையும் அவசியம் முகர்ந்து பாருங்கள். டயாஃப்ரம் கிழிந்திருந்தால் பெட்ரோல் ஆயிலில் கலந்து, அதன் வழவழப்பைக் கெடுத்து, பேரிங்குகளையே தேய்த்துவிடும். ஆயிலில் பெட்ரோல் வாசனை வந்தாலோ அளவு கூடியிருந்தாலோ, ஆயிலையும் ஃபில்டரையும் மாற்றாமல் வண்டியை எடுக்கவே கூடாது.

புதிய பம்ப் மாட்டும்போது, பழையதிலிருந்த, என்ஜின் சூட்டைத் தடுக்கும் தடித்த இன்சுலேட்டரையும் இருபுற கேஸ்கெட்டுகளையும் அதே கனத்தில் போடச் சொல்லுங்கள். அந்தக் கனம் மாறினால் பம்பின் வீச்சும், அதாவது அதன் நெம்புகோல் அசையும் தூரமும், மாறிவிடும். பெட்ரோல் வரும் குழாய், கார்புரேட்டருக்குச் செல்லும் குழாய், டேங்குக்குத் திரும்பும் குழாய் ஆகிய மூன்றுக்கும் கழற்றும் முன்பே அடையாளம் இட்டுவிடுங்கள். வெடிப்புள்ள ரப்பர் ஹோஸ் காற்றை இழுத்துக்கொள்ளும் என்பதால், பம்போடு ஹோஸ்களையும் மாற்றிவிடுவது நல்லது. இப்போதைய பெட்ரோலில் 20 சதவீதம் வரை எத்தனால் கலப்பதால், அதைத் தாங்கக்கூடிய ஹோஸைக் கேட்டு வாங்குங்கள்; பழைய ரப்பர் அதில் சீக்கிரம் கெட்டுவிடும்.

மாட்டியதும் பத்து நிமிடம் என்ஜினை ஓடவிட்டு, இணைப்புகளில் கசிவு இருக்கிறதா என்று பாருங்கள். பிறகு கூட்டம் இல்லாத காலை வேளையில் கோட்டைவாசல் வரை தனியாக ஒருமுறை ஏறிப் பார்த்துவிட்டு, அதன் பின் அம்மாவை அழைத்துச் செல்லுங்கள்.