கேக் ஆர்டருக்கு கேஸ் அவனா, கரண்ட் அவனா?

கேள்வி: மதுரையில் வாடகை வீட்டில் இருக்கிறோம். வீட்டிலிருந்தே கேக் செய்து ஆர்டருக்குக் கொடுக்கிறேன். இப்போதிருக்கும் 30 லிட்டர் ஓடிஜி (கரண்டில் ஓடும் பேக்கிங் அடுப்பு, அதாவது கரண்ட் அவன்) போதவில்லை. 60 லிட்டர் ஓடிஜி 14,000 ரூபாய் சொல்கிறார்கள். ஆனால் எனக்குத் தெரிந்த ஒருவர், ‘கரண்ட் பில் கட்டி மாளாது, கேஸ் அவன் வாங்கு’ என்கிறார். அது 38,000 ரூபாய். நகையை வைத்துத்தான் வாங்க முடியும். இரண்டு மாதத்துக்கு ஈ.பி. பில் 430 யூனிட் வருகிறது. புது அவன் தினமும் 3 மணி நேரம், மாதம் 25 நாள் ஓடும். எது லாபம்?
வாசகி, மதுரை

பதில்: முதலில் நகையைப் பீரோவிலேயே வையுங்கள். கணக்கைப் பார்த்துவிட்டு அதைப் பேசலாம்.

கரண்ட் அவன் செலவைப் பலரும் தப்பாகப் போடும் இடம் ஒன்று உண்டு. பில் தொகையை யூனிட்டால் வகுத்து, ‘ஒரு யூனிட் 3 ரூபாய் சொச்சம்தானே’ என்பார்கள். உங்கள் 430 யூனிட்டுக்கு வருவது சுமார் 1,364 ரூபாய். வகுத்தால் 3 ரூபாய் 17 காசு. ஆனால் அந்த விலையில் உங்களுக்கு இனி ஒரு யூனிட்கூடக் கிடைக்காது. புது அவன் இழுக்கும் கரண்ட் ஏற்கெனவே உள்ள 430-க்கு மேல் ஏறி உட்காரும். மேலே போகப் போக விலையும் ஏறும். எனவே அடுத்த யூனிட் என்ன விலை என்பதுதான் கேள்வி.

60 லிட்டர் ஓடிஜியில் 2,000 வாட் என்று போட்டிருக்கும். அதைப் பார்த்து மணிக்கு 2 யூனிட் என்று பயப்பட வேண்டாம். உள்ளே சூடு ஏறியதும் தெர்மோஸ்டாட் நிறுத்தும், இறங்கினால் மறுபடி போடும். ஆகவே மணிக்கு சுமார் 1.2 யூனிட் என்று வைத்துக்கொள்ளலாம். இரண்டு மாதத்தில் 50 நாள், 150 மணி நேரம், 180 யூனிட். உங்கள் பில் 430-லிருந்து 610 ஆகும்.

2024 ஜூலை மாற்றத்துக்குப் பிறகு, அரசு மானியம் போக வீட்டு இணைப்புக்கு நாம் கட்டும் விலையை வைத்துப் பாருங்கள். 401 முதல் 500 வரை யூனிட் 6.30 ரூபாய், உங்களுக்கு அதில் மீதமிருப்பது 70 யூனிட், அதற்கு 441 ரூபாய். 501 முதல் 600 வரை 8.40 வீதம் 840 ரூபாய். கடைசி 10 யூனிட்டுக்கு 9.45 வீதம் 94.50. இதோடு முடிந்தால் பரவாயில்லை. 500-ஐத் தாண்டியதும் கீழே இன்னொன்று நடக்கும். 101 முதல் 200 வரை நீங்கள் இதுவரை 2.35 கொடுத்து வந்த யூனிட்டுகள் எல்லாம் 4.70 ஆகிவிடும். அந்த ஒரு தாண்டலுக்கே 235 ரூபாய். இதை யாரும் பில்லில் தனியாகக் காட்டுவதில்லை என்பதால்தான் ‘கொஞ்சம்தானே ஓட்டினேன், எப்படி இவ்வளவு வந்தது’ என்று வீடுகளில் சண்டையே நடக்கிறது.

எல்லாம் கூட்டினால் புது அவனுக்காக மட்டும் கூடுவது சுமார் 1,610 ரூபாய், அதாவது யூனிட்டுக்கு ஏறத்தாழ 9 ரூபாய். சராசரி விலையில் போட்டிருந்தால் 570 என்று வந்திருக்கும். உங்களுக்குத் தெரிந்தவர் கரண்டைக் கண்டு பயப்படுவதில் நியாயம் இருக்கிறது.

இப்போது கேஸ். ஒரு கிலோ எல்.பி.ஜி. முழுதாக எரிந்தால் சுமார் 12.8 யூனிட் கரண்டுக்குச் சமமான வெப்பம் வரும். ஆனால் அந்த வெப்பம் முழுதும் கேக்குக்குப் போகாது. கேஸ் அவனில் எரிந்த புகை வெளியேற வழி இருந்தே ஆக வேண்டும்; அந்த வழியாகச் சூடும் சேர்ந்து போய்விடும். ஓடிஜியில் கம்பி உள்ளேயே சூடாகிறது, கதவும் மூடியிருக்கிறது. அதனால் அதே வேலைக்குச் சிறிய கேஸ் அவனுக்கு ஒன்றரை முதல் இரண்டு மடங்கு வெப்பம் தேவைப்படும். நடுவாக ஒன்றே முக்கால் மடங்கு எடுத்துக்கொள்கிறேன். உங்கள் 180 யூனிட் வேலைக்கு 315 யூனிட் வெப்பம், அதாவது சுமார் 24.6 கிலோ கேஸ்.

வீட்டு சிலிண்டர் 14.2 கிலோ. அதை 870 ரூபாய் என்று வைத்தால் கிலோ 61 ரூபாய். இரண்டு மாதச் செலவு சுமார் 1,510. கரண்டைவிட 100 ரூபாய் குறைவு. ‘கேஸ்தான் மலிவு’ என்று உங்களிடம் சொன்னவர் இந்தக் கணக்கைத்தான் மனதில் வைத்திருப்பார்.

அந்தக் கணக்கில் எனக்குச் சம்மதமில்லை. வீட்டு சிலிண்டரை விற்பனைக்கான சமையலில் பயன்படுத்தக் கூடாது. 2000-ஆம் ஆண்டின் எல்.பி.ஜி. ஒழுங்குமுறை ஆணையே அதைத் தடுக்கிறது. பிடிபட்டால் இணைப்புக்கே சிக்கல். ஏதாவது விபத்து என்றால் உங்கள் பக்கம் பேச ஒரு வார்த்தையும் இருக்காது. வாடகை வீட்டில், சுற்றிலும் மற்றவர்கள் குடியிருக்கும் இடத்தில், 100 ரூபாய்க்காக அந்த ஆபத்து வேண்டவே வேண்டாம்.

முறைப்படி 19 கிலோ கமர்ஷியல் சிலிண்டர்தான் எடுக்க வேண்டும். அதன் விலையை மாதாமாதம் மாற்றுகிறார்கள். 1,800 ரூபாய் என்று வைத்தால் கிலோ 95 ரூபாய்க்குப் பக்கம். உங்கள் 24.6 கிலோவுக்கு சுமார் 2,330 ரூபாய். கரண்டைவிட இரண்டு மாதத்துக்கு 720 ரூபாய் அதிகம். கரண்ட் யூனிட் கிட்டத்தட்ட 13 ரூபாயைத் தொட்டால்தான் இரண்டும் சமமாகும். ஏஜென்சியில் அன்றைய விலையைக் கேட்டு நீங்களே ஒருமுறை போட்டுப் பாருங்கள்.

இதே நேர்மை கரண்டுக்கும் வேண்டும். வீட்டு இணைப்பில் உங்கள் அளவுக்குத் தொழில் செய்யலாமா, தனி மீட்டர் வேண்டுமா என்று உங்கள் பகுதி ஈ.பி. பிரிவு அலுவலகத்தில் கேட்டுவிடுங்கள். தனி மீட்டர் என்றால் யூனிட் விலையும் மாறும், நிலைக்கட்டணமும் சேரும். அந்த மொத்தத்தையும் 2,330-உடன் ஒப்பிடுங்கள். வீட்டுக்காரரிடமும் முன்கூட்டியே சொல்லிவிடுவது நல்லது.

ஒரு தடவைக்கு இரண்டு ஒரு கிலோ கேக், ஒரு மணி நேரம் என்று வைத்தால் 150 மணி நேரத்தில் 300 கேக். கரண்டில் கேக்குக்கு 5 ரூபாய் 40 காசு, கமர்ஷியல் கேஸில் 7 ரூபாய் 80 காசு. வித்தியாசம் 2 ரூபாய் 40 காசு. அவனைப் பாதி காலியாக ஓட்டினால் செலவு கேக்குக்கு 5 ரூபாய்க்கு மேல் கூடிவிடும். எந்த அவன் என்பதைவிட, ஆர்டர்களைச் சேர்த்து ஒரே நேரத்தில் நிறைத்து வைப்பதில்தான் உங்களுக்கு அதிகம் மிஞ்சும். ஒரு கேக் வெந்ததும் சூடு ஆறுவதற்குள் அடுத்ததை வைத்துவிடுங்கள். முதல் சூடேற்றத்துக்குத்தான் கரண்ட் அதிகம் போகிறது.

இப்போது நகை விஷயம். கேஸ் அவனுக்கு 24,000 ரூபாய் கூடுதல். சட்டத்தை மறந்து வீட்டு சிலிண்டரே போட்டாலும் வருடத்துக்கு மிச்சம் 600 ரூபாய். போட்ட பணம் திரும்ப 40 வருடம் ஆகும். கமர்ஷியல் சிலிண்டர் என்றால் திரும்பவே திரும்பாது, மேலே நகைக்கடன் வட்டி வேறு. ஓடிஜியையே வாங்குங்கள்.

கேஸுக்கு உண்மையிலேயே ஒரு பலம் இருக்கிறது: கரண்ட் போனாலும் எரியும். பராமரிப்புக்கு மின்தடை என்று அறிவிக்கும் நாளில் டெலிவரி வைத்துக்கொள்ளாதீர்கள். வீட்டு இன்வெர்ட்டர் 2,000 வாட் அவனைத் தாங்காது, முயற்சிக்கவும் வேண்டாம். தொழில் பெருகி, தனிக் கடை பிடித்து, நாள் முழுக்க ஓட்டும் நிலை வந்தால் கணக்கு மாறும். நல்ல வெப்பக் காப்பு உள்ள பெரிய பேக்கரி கேஸ் அவன்கள் வெப்பத்தை அவ்வளவு வீணாக்குவதில்லை. அன்றைக்கு இதே கேள்வியை மறுபடி கேளுங்கள்.

பணம் கட்டுவதற்கு முன் இரண்டு வேலை. ஒன்று, வீட்டில் ஃபிரிட்ஜ், ஃபேன் எல்லாவற்றையும் நிறுத்திவிட்டு இப்போதைய ஓடிஜியில் ஒரு கேக் செய்து, மீட்டர் ரீடிங்கை முன்னும் பின்னும் குறித்துக்கொள்ளுங்கள். என் கணக்கு உங்கள் சமையலறைக்கு எவ்வளவு பொருந்துகிறது என்று தெரிந்துவிடும். இரண்டு, எலக்ட்ரீஷியனை வைத்து 16 ஆம்ப் பவர் பிளக்கையும் எர்த்தையும் சோதியுங்கள். 2,000 வாட் என்றால் 9 ஆம்புக்குப் பக்கம் இழுக்கும். சாதாரண 6 ஆம்ப் பிளக்கிலோ எக்ஸ்டென்ஷன் பாக்ஸிலோ அதைச் செருகவே கூடாது.