ஒயின் பற்றி எதுவுமே தெரியாதவர் ஒயின் கடையில் நடக்கும் சுவைத்தல் நிகழ்ச்சிக்குப் போகலாமா?

பிரான்சின் லியோன் நகருக்கு வந்து நான்கு மாதம் ஆகிறது என்று எழுதியிருக்கிறீர்கள். தெருமுனை ஒயின் கடையின் கண்ணாடிக் கதவில் "சனிக்கிழமை தெகுஸ்தாசியோன் (சுவைத்தல்), அனுமதி இலவசம்" என்று ஒட்டியிருக்கிறார்கள். குடிப்பழக்கம் கிடையாது, ஒரு ஒயினின் பெயரும் தெரியாது, உள்ளே போனால் என்ன செய்வார்கள், வாங்கியே ஆகவேண்டுமா என்பது உங்கள் கேள்வி.

போங்கள். தயங்கியே மூன்று வருடத்தை வீணாக்கியவள் என்பதால் இதை அழுத்தமாகச் சொல்கிறேன். பதினோரு வருடமாக இதே ஊரில் இருக்கிறேன். முதல் மூன்று வருடமும் அப்படியொரு கதவைக் கடந்துதான் தினமும் வேலைக்குப் போனேன். ஒருநாளும் உள்ளே நுழையவில்லை. காரைக்காலில் நான் வளர்ந்த தெருவில் 'ஒயின் ஷாப்' என்றால் பிராந்திக் கடை. பெண்கள் அந்த இடம் வந்ததும் எதிர்ப்பக்கம் மாறி நடப்பார்கள். எங்கள் பெரியப்பாவைக் குடிதான் கொண்டுபோனது. அந்தச் சொல்லோடு வந்தவளுக்கு இந்தக் கதவைத் திறக்கக் கை வரவில்லை.

உள்ளே நடப்பது வேறு. நிமிர்த்திவைத்த ஒரு பழைய பீப்பாயின் மேல் நான்கைந்து பாட்டில்கள் இருக்கும். பக்கத்தில் கடைக்காரரோ, பல சனிக்கிழமைகளில் அந்த ஒயினைச் செய்த விவசாயியோ நின்றிருப்பார். அவரை இங்கே விஞெரோன் என்பார்கள்: திராட்சை பயிரிட்டு, தானே ஒயினும் செய்து, தானே எடுத்துவந்து ஊற்றுகிறவர். சிறிய கோப்பையில் இரண்டு மூன்று மிடறுதான் ஊற்றுவார். வெள்ளை முதலில், பிறகு லேசான சிவப்பு, அதன்பின் அழுத்தமான சிவப்பு, இனிப்பு ஒயின் இருந்தால் கடைசியில். நம் இலைச் சாப்பாட்டில் ரசத்துக்கும் மோருக்கும் இடம் இருப்பதுபோல இதற்கும் வரிசை உண்டு. அழுத்தமானதை முதலில் குடித்தால் பின்னால் வரும் மெல்லிய ஒயின் தண்ணீராகத் தெரியும்.

பீப்பாய்க்கு அருகில் ஒரு பாத்திரம் இருக்கும். அது துப்புவதற்கு. நமக்கு இதுதான் பெரிய தடை, ஏனென்றால் பிறர் முன்னால் வாயிலிருந்து துப்புவது அநாகரிகம் என்றே வளர்ந்திருக்கிறோம். இங்கே அது தொழில் ஒழுக்கம். ஒரே நாளில் நாற்பது ஒயின் சுவைக்க வேண்டிய வியாபாரி வேறென்ன செய்வார்? வாயில் வைத்து, நாக்கு முழுக்கப் பரவவிட்டு, துப்பிவிடுங்கள். விஞெரோன் மனம் வருந்தமாட்டார். அவரும் துப்பிக்கொண்டுதான் இருப்பார். நான் இன்றுவரை பெரும்பாலும் துப்பிவிடுகிறேன். ஆனாலும் கொஞ்சம் உள்ளே போகத்தான் செய்யும், ஆகவே காரில் போகாதீர்கள். இங்கே ரத்தத்தில் ஆல்கஹால் அளவு லிட்டருக்கு 0.5 கிராம் தொடக்கூடாது. புதிதாக ஓட்டுநர் உரிமம் எடுத்தவருக்கு 0.2 கிராம்தான். மெட்ரோவோ நடையோ நல்லது.

வாசனைத் திரவியம் எதுவும் பூசிக்கொண்டு போகாதீர்கள். முதல் முறை நான் மல்லிகை அத்தர் தடவிக்கொண்டு போனேன். பக்கத்தில் நின்ற முதியவர் தன் கோப்பையோடு மெல்ல மூன்றடி தள்ளிப்போனார். என் அத்தர் அவருடைய ஒயினின் மணத்தை மூடிவிட்டது என்பதை வீடு திரும்பிய பிறகே உணர்ந்தேன். அந்த வருத்தம் நெடுநாள் இருந்தது.

இனி, உங்களுக்கு ஒன்றும் தெரியாது என்பதற்கு வருகிறேன். தமிழ் பேசி வளர்ந்தவருக்கு ஒயினில் பாதி தெரியும் என்பது என் உறுதியான எண்ணம். காரணம் துவர்ப்பு. நமக்குச் சுவை ஆறு. நாவல்பழம், வாழைப்பூ, பாக்கு, கடுக்காய் என்று துவர்ப்பைக் குழந்தையிலேயே தனியாகப் பிரித்துச் சொல்லக் கற்றிருக்கிறோம். பாகற்காய் கசக்கும், வாழைப்பூ துவர்க்கும். இரண்டையும் நம் வீட்டில் யாரும் குழப்பிக்கொள்வதில்லை. சிவப்பு ஒயினைப் புரிந்துகொள்ள முதலில் பிடிபட வேண்டியது இந்த வித்தியாசம்தான். திராட்சையின் தோலிலும் விதையிலும் உள்ள டானின் என்ற பொருள் நம் உமிழ்நீரின் புரதங்களோடு ஒட்டிக்கொள்கிறது. உமிழ்நீரின் வழவழப்பு போய்விடுகிறது. வாய் வறண்டு, ஈறு இழுக்கிறது. நான் போன முதல் மாலை வகுப்பில் பக்கத்தில் இருந்த பிரெஞ்சுப் பெண் ஒரு சிவப்பு ஒயினை வாயில் வைத்ததும் கசக்கிறது என்றார். அது கசக்கவில்லை, துவர்த்தது. கசப்பு வேறு, இது வேறு என்று ஆசிரியர் அவருக்குப் புரியவைக்கப் பத்து நிமிடம் ஆயிற்று. எனக்கு அந்தப் பத்து நிமிடம் தேவைப்படவில்லை.

மணத்தை எந்தச் சொல்லால் சொல்வது என்ற கூச்சமும் வேண்டாம். பக்கத்தில் உள்ளவர்கள் பிளாக்கரண்ட், பிளாக்பெரி, ஈரமான காட்டுத்தரை என்றெல்லாம் சொல்வார்கள். அவை அவர்களுடைய பாட்டி வீட்டு வாசனைகள். உங்களுடையதைச் சொல்லுங்கள். ஒருமுறை ரோன் பள்ளத்தாக்கின் சேன் ழோசெஃப் பகுதியிலிருந்து வந்த விஞெரோன் ஊற்றிய சிவப்பு ஒயினை வாயில் வைத்ததும் எனக்கு நாவல்பழம் நினைவுக்கு வந்தது. சொல்லிவிட்டேன். அது என்ன பழம் என்று கேட்டார். நாக்கை ஊதாவாக்கும், முதலில் இனிக்கும், பிறகு தொண்டையைப் பிடிக்கும் என்றேன். தன் ஒயினையே மறுபடி ஒரு வாய் வைத்துப் பார்த்துவிட்டு, "நன்றாகப் பழுத்ததா, இல்லையா?" என்று கேட்டார். செங்காய் என்று நமக்கு ஒரு சொல் இருப்பதை அன்றுபோல் நான் என்றும் மதித்ததில்லை. அவருக்கு அதை விளக்கினேன். அந்த ஆண்டு தோட்டத்தின் ஒரு பகுதியில் அறுவடையைச் சற்று முந்திவிட்டதாகச் சொன்னார்.

சேன் ழோசெஃப் சிவப்பு ஒயின் சிரா திராட்சையில் செய்வது. அதில் மிளகு மணக்கிறது என்பார்கள். அது வெறும் உவமை இல்லை. சிராவின் தோலில் இருக்கும் ரோட்டன்டோன் என்ற சேர்மம்தான் நம் கருமிளகின் மணத்துக்கும் காரணம் என்று ஆஸ்திரேலிய ஆய்வாளர்கள் 2008இல் வெளியிட்டார்கள். அந்த ஆய்வில் இன்னொன்றும் தெரிந்தது: பரிசோதித்தவர்களில் ஏறக்குறைய ஐந்தில் ஒருவருக்கு அந்த மணமே எட்டவில்லை. ஆகவே எல்லோரும் மிளகு என்று தலையாட்டும்போது உங்களுக்கு வராவிட்டால், வரவில்லை என்று சொல்லுங்கள். தெரியாதவர் என்று யாராவது பார்த்தாலும் பரவாயில்லை. தெரிந்தவர்களும் தவறுவார்கள். பிரான்சின் போர்தோ நகரில் ஒயின் கலை படித்த 54 மாணவர்களுக்கு, வெள்ளை ஒயினில் மணமில்லாத சிவப்புச் சாயம் கலந்து கொடுத்தபோது, சிவப்பு ஒயினுக்குரிய சொற்களாலேயே அதை விவரித்தார்கள். அந்த ஆய்வு 2001இல் வெளிவந்தது. கண் சொன்னதை மூக்கு நம்பிவிட்டது. அதனால் நான் முதல் மோப்பத்தின்போது கண்ணை மூடிக்கொள்கிறேன்.

நவம்பரில் இந்த ஊரில் இருப்பீர்கள் என்றால் போஜொலே நூவோ இரவும் வரும், பக்கத்துப் போஜொலே பகுதியின் அந்த ஆண்டுப் புது ஒயினுக்கான கொண்டாட்டம். லியோனுக்கு மூன்று ஆறுகள் என்று இங்குள்ளவர்கள் சொல்வார்கள்: ரோன், சோன், மூன்றாவதாகப் போஜொலே ஒயின். செப்டம்பர் வாக்கில் பறித்த காமே திராட்சை நவம்பர் மூன்றாம் வியாழக்கிழமையே விற்பனைக்கு வந்துவிடும். 1985 முதல் இந்தக் கிழமைதான் விதி. திராட்சையைப் பிழியாமல் கொத்துக்கொத்தாகத் தொட்டியில் போட்டு மூடுகிறார்கள். உள்ளே கரியமில வாயு நிறைந்து, ஒவ்வொரு பழத்துக்குள்ளேயே நொதித்தல் தொடங்குகிறது. அதனால் துவர்ப்பு குறைவு, பழ வாசனை அதிகம். சில பாட்டில்களில் வாழைப்பழம் பளிச்சென்று மணக்கும். கடை முழுக்கக் கூட்டமும் பாட்டும், தட்டுகளில் பன்றித் தொத்திறைச்சியுமாக இருக்கும் (சைவமானவர்கள் முதலிலேயே சொல்லிவிட்டால் பாலாடைக்கட்டி தருவார்கள்). சந்தோஷமான இரவு, ஆனால் கற்றுக்கொள்ளும் இரவு அல்ல. அதை மட்டும் ருசித்துவிட்டுப் போஜொலே இவ்வளவுதான் என்று முடிவு கட்டுகிறவர்களைப் பார்த்தால் எனக்குக் கோபமே வருகிறது. அதே காமேயில், அதே போஜொலேயில், மோர்கோன், ஃப்ளூரி, மூலாவான் போன்ற இடப்பெயர் ஒயின்களும் பிறக்கின்றன. வருடக்கணக்கில் பொறுத்து முதிரும். சாதாரணச் சனிக்கிழமையில் அவற்றில் இரண்டைப் பக்கத்துப் பக்கத்தில் வைத்து ருசித்துப் பாருங்கள்.

வாங்கியே ஆகவேண்டும் என்பதில்லை. நான் பிடித்திருந்தால் ஒன்று வாங்குவேன், பிடிக்காவிட்டால் நன்றி சொல்லிவிட்டு வருவேன். யாரும் முகம் சுளித்ததில்லை. பிரான்சிலும் ஒயினில் பெரும்பகுதி சூப்பர் மார்க்கெட்டுகளில்தான் விற்கிறது. சிறிய கடைக்காரருக்கு மிஞ்சியிருக்கும் பலம் இப்படி நின்று பேசி ஊற்றுவதுதான். அதனால் கேள்வி கேட்பதே அவருக்கு நீங்கள் செய்யும் மரியாதை. மாலை வகுப்புகள் மட்டும் கட்டணத்தோடு நடக்கும். நான் போனது 25 யூரோ.

கர்ப்பிணிகளும் ஒருகாலத்தில் குடிக்கு அடிமையாக இருந்து மீண்டவர்களும் துப்பினால் போதும் என்று எண்ணிப் போகவே கூடாது. நம் குடும்பங்களில் இதைப் பேசமாட்டோம், அதனால் இங்கே எழுதுகிறேன். உங்களுக்கு அப்படி ஒரு தடை இல்லை என்றால் சனிக்கிழமை பதினோரு மணிக்கே போய்விடுங்கள். கூட்டம் இராது, விஞெரோனுக்குப் பேச நேரம் இருக்கும். காரமாக எதுவும் சாப்பிட்ட கையோடு போகாதீர்கள், வெறும் வயிற்றோடும் போகாதீர்கள். ரோன் பக்கத்துக்காரர் வந்திருந்தால் பெரும்பாலும் சிரா இருக்கும். மிளகு மணத்ததா, இல்லையா என்று இங்கே பின்னூட்டத்தில் எழுதுங்கள்.